ஃபாக்கும் மிஸ்ட்டும் ஒண்ணாமே!

பர்லியார்_ஸ்டியரிங்: கோத்தகிரி மாஸ்டர் காலையில போட்ட 'தினம் ஒரு சொல்' பாத்தீங்களா? "ஃபாக்: மூடுபனி. சினானிம்: மிஸ்ட், ஸ்மாக். ஆன்டானிம்: கிளியர்." இருபது வருஷமா பர்லியார் வழியா குன்னூருக்கு வண்டி ஏத்துறேனுங்க. என் வண்டியில இருக்கிறது ஃபாக் லாம்ப். மிஸ்ட் லாம்ப்னு ஒண்ணு எங்கயாவது உண்டா?

கோத்தகிரி_மாஸ்டர்: தம்பி, பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பேப்பர்ல சினானிம் மூணு, ஆன்டானிம் மூணு. நாலு ஆப்ஷன்ல மிஸ்ட் இருந்தா பையன் எழுதிட்டுப் போயிட்டே இருக்கணும். பரீட்சை ஹால்ல ஹெட்லைட் போட்டுப் பாக்க முடியாது.

பர்லியார்_ஸ்டியரிங்: ஹெட்லைட் இல்லீங்க சார். ஃபாக் லாம்ப்.

பெருமாள்மலை_அக்கா: ரெண்டுமே காத்துல மிதக்கிற நீர்த்துளிதான். ஆயிரம் மீட்டருக்குள்ளயே பார்வை மறைஞ்சா ஃபாக். அதையும் தாண்டித் தெரிஞ்சா மிஸ்ட். வானிலைக்காரங்க கணக்கு அவ்வளவுதான்.

பர்லியார்_ஸ்டியரிங்: கொண்டை ஊசி வளைவுல இறங்கி டேப் பிடிச்சு அளக்கச் சொல்றீங்களாக்கா? நல்லா இருக்கு.

லவ்டேல்வாசி: ஆன்டானிமை யாரும் கவனிக்கலையே. ஃபாக் பெயர்ச்சொல், கிளியர் பெயரடை. 'ஃபாகி'க்குத்தான் எதிர்ச்சொல் கிளியர். ஸ்மாக் அதைவிட மோசம். லண்டன் புகையும் ஃபாக்கும் சேர்ந்ததுக்கு 1905 வாக்குல ஒட்டுப்போட்ட சொல் அது. இங்க எங்க வந்துச்சு?

பர்லியார்_ஸ்டியரிங்: அதெல்லாம் கெடக்கட்டும். லாம்ப்புக்குப் பதில் வரல.

கோத்தகிரி_மாஸ்டர்: ரெண்டு மாச ஃபீஸ் பாக்கி வச்சிட்டுப் பையனை நிறுத்தின அப்பாதானே நீங்க?

பர்லியார்_ஸ்டியரிங்: ஃபீஸை எதுக்கு இழுக்கறீங்க? நல்லவேளை நிறுத்தினேன். இல்லேன்னா அவனும் மிஸ்ட் லாம்ப் கேட்டு நின்னிருப்பான்.

பெருமாள்மலை_அக்கா: "மிஸ்டி ஐஸ்"னா கண் கலங்குது. அதை "ஃபாகி ஐஸ்"னு எழுதினா மார்க் போடுவீங்களா மாஸ்டர்? சுத்தமாத் தெரியாதுன்னு சொல்ல "ஐ ஹாவன்ட் த ஃபாகியஸ்ட்" உண்டு. அதுல மிஸ்டியஸ்ட் போட்டா இங்கிலீஷ்காரனே முழிப்பான். எங்க கொடைக்கானல்ல தூண் பாறைக்கு வந்து நின்னு பாருங்க, வித்தியாசம் தெரியும்.

பர்லியார்_ஸ்டியரிங்: நீலகிரிப் பேச்சுல கொடைக்கானல் எதுக்குங்க்கா? எங்க குன்னூர் டால்பின் நோஸ்ல இல்லாத பனியா?

பெருமாள்மலை_அக்கா: டால்பின் நோஸ் எங்க ஊர்லயும் இருக்கு.

பர்லியார்_ஸ்டியரிங்: எங்களைப் பாத்து வச்ச பேரு.

பெருமாள்மலை_அக்கா: யாரு சொன்னா?

லவ்டேல்வாசி: ரெண்டு டால்பின் நோஸும் சினானிம்னு மாஸ்டர் நாளைக்குப் போட்டுருவார், விடுங்க.

சும்மா_வந்தவன்: ஜெர்மன்ல மிஸ்ட்னா சாணி.

பர்லியார்_ஸ்டியரிங்: கேட்டீங்களா சார்! சாணி லாம்ப்!

கோத்தகிரி_மாஸ்டர்: நாளைய சொல்: அப்ஸ்டினேட். பிடிவாதக்காரன். சினானிம்: ஸ்டபர்ன். உதாரண வாக்கியம் தேட வேண்டியதில்லை, மேல நிறைய இருக்கு.

பர்லியார்_ஸ்டியரிங்: நாளைக்கு நாளைக்குப் பாக்கலாம் சார். மிஸ்ட் லாம்ப் எந்தக் கடையில கிடைக்கும்?