கொள்ளைநோய் வந்தால் ஆயர் நிற்க வேண்டுமா, போகலாமா? லூத்தரின் 1527 கடிதம் பற்றி

சேகரச்செயலர்:

அனைவருக்கும் தோத்திரம். இன்னொரு தொற்றுநோய் வந்தால் சபை எப்படி நடந்துகொள்வது என்று இப்போதே எழுதிவைக்க எங்கள் சேகரக் கமிட்டி (ஓர் ஆயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகக் குழு) முடிவெடுத்தது. பேச்சு முதல் பத்தியிலேயே நின்றுவிட்டது. ஒரு சாரார், கொள்ளைநோய்க்குத் தேவன் தப்புவிப்பார் என்று சொல்லும் 91-ஆம் சங்கீதத்தைக் காட்டி, கோயில் கதவை ஒருநாளும் சாத்தக்கூடாது, ஆயர் வீடு வீடாகப் போயே ஆகவேண்டும் என்கிறார்கள். மறு சாரார், திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1527-இல் கொள்ளைநோய் பற்றி எழுதிய கடிதத்திலிருந்து 2020-இல் வாட்ஸ்ஆப்பில் சுற்றிய மேற்கோளை நீட்டுகிறார்கள். தூபம் போடுவேன், மருந்து கொடுப்பேன், நானும் சாப்பிடுவேன், தேவையில்லாத இடத்துக்குப் போகமாட்டேன் என்று வருமே, அதுதான். ஆகவே எல்லாரும் வீட்டிலேயே இருக்கலாம் என்பது இவர்கள் வாதம்.

முழுக் கடிதத்தில் லூத்தர் யாரை நிற்கச் சொல்கிறார், யாரைப் போகவிடுகிறார்? நோயை மறைத்துக்கொண்டு ஆராதனைக்கு வருகிறவர்களைப் பற்றி ஏதாவது உண்டா? திருவிருந்தில் எல்லாரும் குடிக்கும் பொதுப் பாத்திரத்தை நிறுத்தினால் அது உபதேசத்துக்கு விரோதமாகுமா?

பழைய ஏடு:

மேற்கோள் சரிதான். ஆனால் அது கடிதத்தின் பிற்பகுதியில் வருவது. முன்பகுதியை விட்டுவிட்டு அதை மட்டும் படித்தால் அவர் சொன்னதற்கு நேர் எதிரான அர்த்தம் கிடைக்கும்.

பிரெஸ்லாவ் நகரப் போதகர் யோவான் ஹெஸ் கேட்டதற்கு எழுதிய பதில் அது. எழுதும்போது லூத்தரின் ஊரான விட்டன்பர்கிலேயே நோய் இருந்தது. 1527 ஆகஸ்டில் பல்கலைக்கழகம் யேனாவுக்கு மாற்றப்பட்டது. லூத்தரும் கிளம்ப வேண்டும் என்று சாக்சனி ஆட்சியாளர் உத்தரவிட்டார். அவர் அசையவில்லை. நகரப் போதகர் பூகன்ஹாகனும் அவரும் ஊரில் தங்கினார்கள். மனைவி கத்தரீனா அப்போது கர்ப்பிணி, மகன் ஹான்ஸுக்கு ஒரு வயதுதான். அவர்கள் வீட்டிலேயே நோயாளிகள் படுத்திருந்தார்கள்.

விசுவாசத்தில் பலமுள்ளவன், பலவீனன் என்ற பேச்சு கடிதத்தில் வருகிறது. ஆனால் தீர்ப்பு அதன்மேல் நிற்கவில்லை, யாருக்கு என்ன பொறுப்பு என்பதன்மேல் நிற்கிறது. போதகர் நிற்கவேண்டும், ஓநாயைக் கண்டு ஓடுகிற கூலியாளைப் பற்றிய யோவான் 10 இங்கேதான் வருகிறது. நகர அதிகாரிகள், மருத்துவர், காவலர் நிற்கவேண்டும். எஜமானும் வேலையாளும், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் கைவிடக்கூடாது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பொறுப்பாளியும் அப்படியே. கடைசியாக அயலான்: பக்கத்து வீட்டில் படுத்திருப்பவனைப் பார்க்க வேறு ஆள் இல்லையென்றால் நீ போகமுடியாது.

ஒவ்வொரு வகையிலும் ஒரு விலக்கும் உண்டு. உன் இடத்தில் நிற்கத் தகுந்த ஆள் இருந்து, இருவரும் ஒத்துக்கொண்டால் போகலாம், அது பாவமல்ல. ஒரே ஊரில் போதகர்கள் போதிய அளவுக்கு இருந்தால் சிலரை அனுப்பிவிடுவதையும் அவர் ஏற்கிறார். பவுல் தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பியதையும், பழங்காலப் பேராயர் அத்தனாசியு ஓடியதையும் இதற்குச் சாட்சியாக வைக்கிறார். இந்த எந்தப் பொறுப்பும் இல்லாதவன் தாராளமாக ஓடலாம். சாவுக்குத் தப்ப நினைப்பது தேவன் வைத்த இயல்பு.

ஆக, தூபமும் மருந்தும் பேசும் பகுதி வீட்டில் இருப்பவர்களுக்கான அனுமதிச் சீட்டு அல்ல. நிற்கிறவன் எப்படி நிற்கவேண்டும் என்பது அது. மருந்தை அலட்சியம் செய்து, நோயாளிகளோடு வேண்டுமென்றே புழங்கி, அதை விசுவாசம் என்பவனை தேவனைப் பரீட்சை பார்க்கிறவன் என்கிறார். உங்கள் முதல் சாராருக்கு இதையே மத்தேயு 4-இலிருந்தும் காட்டலாம். 91-ஆம் சங்கீதத்தைச் சொல்லி, ஆலயத்து உச்சியிலிருந்து இயேசுவைக் குதிக்கச் சொன்னவன் சாத்தான். ‘உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக’ என்பது இயேசுவின் பதில்.

நோயை மறைத்துத் திரிகிறவனைப் பற்றிச் சொல்லும் இடத்தில் லூத்தர் கொஞ்சமும் இளகவில்லை. தெரிந்தே பரப்புகிறவன் கொலைகாரன், கொலைத்தண்டனை நிறைவேற்றுகிறவனிடம் ஒப்படைக்கவேண்டும் என்று எழுதுகிறார். நோயாளி தானாகவே ஒதுங்கி மருந்து தேடவேண்டும், குணமான பிறகும் அவசியமில்லாமல் ஆட்களிடம் நெருங்கக்கூடாது என்றும் இருக்கிறது.

மலையடிவாரம்:

இதோடு ஈம் கிராமத்தையும் சேர்த்துப் பாருங்கள். இங்கிலாந்தின் டார்பிஷயரில் இருக்கிறது. 1665 செப்டம்பரில் நோய் நுழைந்தது. லண்டனிலிருந்து வந்த துணிக்கட்டில் இருந்த தெள்ளுப்பூச்சி வழியாக என்பார்கள். 1666 ஜூனில் ஆயர் வில்லியம் மாம்பெசன், ஊரை யாரும் விட்டுப் போகாமல் எல்லை போடலாம் என்றார். அவர் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. 1662-இல் பதவி பறிக்கப்பட்ட தூய்மைவாதப் போதகர் தாமஸ் ஸ்டான்லி கூட நின்று பேசிய பிறகே சனங்கள் இணங்கினார்கள். திருச்சபைச் சண்டையில் எதிரெதிர் அணியில் இருந்த இருவர் என்பதைக் கவனிக்கவும்.

மூன்று ஏற்பாடு செய்தார்கள். ஆராதனை கோயிலுக்குள் இல்லை, கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில், குடும்பம் குடும்பமாகத் தள்ளி நின்று. அடக்கம் கல்லறைத் தோட்டத்தில் இல்லை, அவரவர் வீட்டருகே. உணவை அயலூரார் எல்லைக்கல்லில் வைத்துப் போவார்கள். ஈம் மக்கள், கல்லில் குடைந்த குழியில் காடி (வினிகர்) ஊற்றி அதில் காசைப் போட்டுவைப்பார்கள். சுமார் 260 பேர் செத்தார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற தாய் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தானே இழுத்துப்போய்ப் புதைத்தார். ஆயரின் மனைவி கேத்தரின் 1666 ஆகஸ்டில் இறந்தார்.

பிரசங்கங்களில் இது புகழ்ச்சியாகவே வரும். ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள்: எல்லை போடுவதற்கு முன்பே மாம்பெசன் தம் பிள்ளைகளை வெளியூர் அனுப்பிவிட்டார். போக இடம் இல்லாதவர்கள் உள்ளே தங்கினார்கள். தியாகத்தைச் சபை கேட்கும்போது யார் தலையில் அது விழுகிறது என்பதையும் உங்கள் ஒழுங்கில் எழுதுங்கள்.

பழைய ஏடு:

பிள்ளைகள் விஷயத்தில் லூத்தரின் அளவுகோலைப் போட்டால் மாம்பெசன்மேல் குற்றமில்லை. பொறுப்பு ஆயருக்கு, ஒரு பொறுப்பும் இல்லாத சிறு பிள்ளைகளுக்கு அல்ல. ஹான்காக் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வழி திறக்கவில்லை என்பதில் ஐயா சொல்வது நியாயம்.

திருவிருந்து மேசை:

பாத்திரம் பற்றி. 2020 மார்ச்சில் இங்கிலாந்துத் திருச்சபை சனங்களுக்குப் பாத்திரத்தை நிறுத்தியது. அப்பமும் திராட்சரசமும் இரண்டும் கொடுக்கவேண்டும் என்ற 1547 சட்டத்திலேயே, அவசியம் வேறுவிதமாகக் கேட்டாலொழிய என்ற விலக்கு இருக்கிறது. கத்தோலிக்கருக்கு அப்பம், ரசம் இவற்றில் ஒரே வகையில் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பதால் இந்தச் சிக்கலே எழாது. இரண்டு வகையும் வேண்டும் என்று போராடிப் பெற்ற லூத்தரன் மரபில் தயக்கம் வருவது இயல்பு. ஆனால் வருத்தம் வேறு, உபதேச விரோதம் வேறு.

அப்பத்தைத் தோய்த்துக் கொடுப்பதை மாற்றுவழியாக வைக்காதீர்கள். பலருடைய விரல் ரசத்தில் படும். வாயைவிடக் கை சுத்தம் என்று சொல்லமுடியாது. விளிம்பைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தால் ஆபத்து குறையும், போகாது. ரசத்தில் உள்ள ஆல்கஹால் அந்தச் சில நொடியில் கிருமியைக் கொல்லும் என்பதும் தவறான நம்பிக்கை. நோய்க் காலத்தில் அப்பம் மட்டும், அல்லது தனித்தனிச் சிறு கிண்ணம்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மூத்தவர்கள் அறிந்த பழைய ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தின் 1662 பதிப்பில், நோயாளி திருவிருந்து முறையின் இறுதிக் குறிப்புகளைக் கமிட்டியில் வாசியுங்கள். கொள்ளைநோய்ப் பயத்தால் அயலார் வரமுடியாதபோது, நோயாளி கேட்டால் ஆயர் ஒருவரே அவரோடு திருவிருந்து எடுக்கலாம். அதையும் வாங்கமுடியாத நிலையில் மனந்திரும்பி விசுவாசித்தால், வாயால் வாங்காவிட்டாலும் அவர் உண்மையாகவே பங்குபெறுகிறார்.

கதவு சாத்துவது பற்றி ஒரு வரி: 1576-இல் மிலானில் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் சன்னல் வழியாகப் பார்க்கும்படி பேராயர் சார்லஸ் பொரோமியோ தெருமுனைகளில் பீடம் போட்டுப் பூசை நடத்தினார்.

சேகரச்செயலர்:

நன்றி ஐயா, எல்லாருக்கும். நடைமுறையில் எந்த வரியிலிருந்து தொடங்குவது?

பழைய ஏடு:

பெயர்ப் பட்டியலிலிருந்து. ஆயர், உபதேசியார், கோயில் பணியாளர், காணிக்கைப் பெட்டிக் கணக்கு என ஒவ்வொரு வேலைக்கும் எதிரே மாற்றாள் ஒருவர் பெயர், அவருடைய சம்மதக் கையெழுத்தோடு. மாற்றாள் இல்லாத வேலை எதுவோ அதில் இருப்பவர் கிளம்பமுடியாது என்பது அப்போது தானாகவே தெரியும். அடுத்து, தனியாக வசிக்கும் முதியவர் பட்டியல். ஒரு வீட்டுக்கு ஒரே ஆள், அவரே கடைசிவரை. மாற்றி மாற்றி அனுப்பினால் தொற்று வீடு வீடாக நடக்கும். மருத்துவமனை நன்றாக நடக்கிற ஊரில் வீட்டில் வைத்துப் பராமரிக்கத் தேவையில்லை என்று லூத்தரே சொல்கிறார். அது இல்லாத இடத்தில்தான் நாமே ஒருவருக்கொருவர் செவிலி.

கடிதத்தின் இன்னொரு பகுதியையும் சேர்த்துவிடுங்கள், பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. நோயாளிக்கு நினைவு தவறி, பேச்சு நின்ற பிறகு ஆயரைக் கூப்பிடாதீர்கள் என்று லூத்தர் கடிந்துகொள்கிறார். உயில், ஒப்புரவு, திருவிருந்து எல்லாம் தெளிவாக இருக்கும்போதே முடியவேண்டும். ஆகவே முதல் காய்ச்சல் அன்றே சேகர அலுவலகத்துக்குத் தகவல் என்று எழுதுங்கள், தொலைபேசி எண்ணோடு.