சுருங்கிப்போன சாடிக் கள்ளிக்கு எப்படித் தண்ணி விடுவது?
(மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

உப்புவெளி மேல்மாடி:
அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. என்னட்ட மஞ்சள் முள்ளு உருண்டைக் கள்ளி ஒண்டு இருக்கு, கோல்டன் பரல் எண்டு சொல்லுறது. குறுக்களவு 16 சென்ரிமீற்றர், சாடி 8 அங்குலக் கறுப்புப் பிளாஸ்ரிக். வாங்கேக்க இருந்த தும்புச்சோறுதான் (தேங்காய்த் தும்புத் தூள்) இன்னும் உள்ளுக்க. மே கடைசியில இருந்து செப்ரெம்பர் நடு வரைக்கும் வீட்டில ஆளில்லை. மேற்குப் பக்க மாடியில, கச்சான் (தென்மேல் பருவக்காத்து) நேரா அடிக்கிற இடத்தில நிண்டது. கடற்கரையில நாகதாளிக் கள்ளி ஆரும் தண்ணி விடாமலே நிக்குதுதானே எண்டு நம்பி விட்டாச்சு.

இப்ப நிலைமை: வரிகள் ஒண்டோட ஒண்டு ஒட்டின மாதிரிச் சுருங்கியிருக்கு, பச்சை மங்கி சாம்பலாத் தெரியுது, அடியில இரண்டு விரல் உயரத்துக்கு மண்ணிறம். நேற்று ஒரு லீற்றர் கிணத்துத் தண்ணி விட்டன், அரை நிமிசத்தில முழுக்க அடியால ஓடிப்போச்சு. பேசினுக்க தண்ணி நிரப்பி இரவு முழுக்க வைக்கலாமா? உரமும் போடவேணுமா? பக்கத்தில சிவப்புத் தலை ஒட்டுக்கள்ளி ஒண்டும் சாய்ஞ்சுபோய் நிக்குது, அதுக்கும் இதே வைத்தியமா?

கருங்கல் சல்லி:
முதல்ல அது தாகமா அழுகலா எண்டு பிரிச்சுப் பாருங்கோ. மரக் குச்சியால உடம்பை அமத்துங்கோ. சுருங்கியிருந்தாலும் இறுக்கமா, ரப்பர் மாதிரி எதிர்த்து நிண்டால் தாகம். கனிஞ்ச வாழைப்பழம் மாதிரி உள்ள போனால், நீர் கசிஞ்சால், புளிச்ச மணம் வந்தால் அழுகல். அடியில இருக்கிற மண்ணிறத்தையும் அப்பிடியே பாருங்கோ. காய்ஞ்சு மரப்பட்டை மாதிரிக் கடினமா இருந்தால் அது வயசுக்கு வாற பட்டை, ஒண்டும் செய்யத் தேவையில்லை. ஈரமா, கறுப்புக்கு மாறினால்தான் யோசிக்க வேணும்.

ஒரு லீற்றரும் ஓடிப்போனதுக்குக் காரணம் தும்புச்சோறு. அது எலும்பாக் காய்ஞ்சால் சுருங்கிச் சாடியின்ர சுவரை விட்டு விலகும், தண்ணியையும் ஏற்காது. நீங்கள் விட்ட தண்ணி சுவருக்கும் கட்டிக்கும் நடுவால போயிருக்கு, நடுக்கட்டி இன்னும் தூசுதான். நீளமான ஈர்க்கை நடுவில குத்திப் பத்து நிமிசம் விட்டு இழுத்துப் பாருங்கோ, காய்ஞ்சுதான் வரும்.

மேலால ஊத்தி இதைச் சரிக்கட்டேலாது. பேசினில சாடியின்ர முக்கால் உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணி, லீற்றருக்கு ஒரு துளி பாத்திரம் கழுவுற திரவம். அந்தத் துளி நீரின்ர மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும், சோறு நனையும். மேல் மண் கறுத்து வரும்வரைக்கும், 30 முதல் 45 நிமிசம் காணும். பிறகு சாடியைச் சாய்ச்சு ஒரு மணித்தியாலம் வடிய விடுங்கோ. இரவு முழுக்க வேண்டாம்.

வேரைப் பார்:
மேலே சொன்ன பரிசோதனை சரி. ஆனால் பேசின் வைத்தியத்தை இப்போது செய்ய வேண்டாம். நாலு மாதம் வறண்ட சாடியில் தண்ணியை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் செத்திருக்கும். செத்த வேர் தண்ணி குடிக்காது. நனைந்த தும்புச்சோற்றுக்குள், 30 பாகைக்கு மேலான சூட்டில், அது பூஞ்சணத்துக்குத் தீனி. அழுகல் அங்கே தொடங்கித் தண்டுக்கு ஏறும். காய்ந்து சாகிற சாடிக் கள்ளியை விட, காய்ந்த பிறகு ஒரேயடியாக நனைத்துச் சாகிறதுதான் கூட.

நாகதாளி கணக்கு சாடிக்குப் பொருந்தாது. அது நிலத்தில் மேலோட்டமாகப் பல அடி தூரம் வேர் ஓட்டி, இரவுப் பனி ஈரத்தைக்கூடப் பிடிக்கும். உங்கள் செடிக்கு இருந்தது எட்டு அங்குலக் கறுப்புப் பிளாஸ்ரிக். வெயிலில் அதன் சுவரோரம் இருக்கிற வேர்தான் முதலில் வெந்து போகும்.

ஆகவே முதலில் வெளியே எடுங்கள். பத்திரிகைத் தாளை நாலாக மடித்துப் பட்டியாகச் சுற்றிப் பிடித்தால் முள் ஏறாது. சோற்றை விரலால் உதிர்த்துக் கொட்டுங்கள்; நடுவில் வலைத்துணியோ பஞ்சோ சுற்றிய சின்னக் கட்டி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நாற்றுக்காரர் சின்னதில் வளர்த்த கட்டியை அப்படியே பெரிய சாடிக்குள் இறக்கியிருப்பார்கள், வேர் அதற்குள்ளேயே நெரிந்து கிடக்கும். உயிருள்ள வேர் வெள்ளையாக அல்லது வெளிர் மண்ணிறமாக, இழுத்தால் இறுக்கமாக இருக்கும். செத்தது இழுத்தவுடன் தோல் மட்டும் கழன்று வரும், உள்ளே நூல் போல மிஞ்சும். செத்ததை வெட்டிவிடுங்கள். தடித்த வேரை வெட்டினால் வெட்டுமுகம் வெள்ளையாக இருக்க வேண்டும். நடுவில் செம்மஞ்சள் வளையமோ புள்ளியோ தெரிந்தால், சுத்தமான முகம் வரும்வரை மேலே மேலே வெட்ட வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து.

என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள், மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன். உரம் வேண்டாம். வேரில்லாத செடிக்கு உரம் உப்புத்தான்.

உப்புவெளி மேல்மாடி:
நன்றி. உடம்பு இறுக்கமாத்தான் இருக்கு, அடி மண்ணிறமும் கட்டி. வெளியில எடுத்தன். நீங்கள் சொன்ன வலைத்துணிக் கட்டி நடுவில இருந்தது, வெட்டி எடுத்தாச்சு. தடித்த வேர் மூண்டு உயிரோட இருக்கு, வெட்டுமுகம் வெள்ளை. மிச்சமெல்லாம் மயிர் மாதிரிக் கழன்று வந்திட்டுது. ஆனால் வேரிலயும் சாடிச் சுவரிலயும் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு. இது பூஞ்சணமோ?

வேரைப் பார்:
விரலால் தேய்த்துப் பாருங்கள். மெழுகு போலப் பூசுப்பட்டு, உள்ளே சின்னச் சாம்பல் நிறப் பூச்சி தெரிந்தால் வேர் மாவுப்பூச்சி. வறண்ட சாடியில்தான் இது நன்றாகப் பெருகும். செடி சுருங்கினதில் இதற்கும் பங்கிருக்கும்.

வேரைக் குழாய்த் தண்ணியில் நன்றாகக் கழுவி, லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் கலந்து, வேர் மட்டும் அமிழ 10 நிமிடம் வைத்து மறுபடி கழுவுங்கள். வேர் தண்டோடு சேரும் மடிப்புகளில் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு ஒற்றுங்கள். பழைய சோற்றை மற்றச் சாடிகளில் கொட்ட வேண்டாம், கட்டி எறியுங்கள். சாடியைச் சுடுதண்ணியில் கழுவுங்கள். பூச்சி முட்டை எப்படியும் தப்பும். நாலு கிழமை கழித்துச் செடியைச் சாடியிலிருந்து கழற்றி வேர்க்கட்டியின் ஓரத்தைப் பார்ப்பது அவசியம். பக்கத்துச் சாடிகளையும் பாருங்கள்.

பிறகு நிழலில், காத்தோட்டமான இடத்தில், வெறும் வேரோடு ஐந்து நாள் காய விடுங்கள். வெட்டுக் காயம் மூடாமல் நட்டால் இத்தனை வேலையும் வீண். (தண்டையே வெட்ட வேண்டி வந்திருந்தால் இரண்டு கிழமை ஆகும். உங்களுக்கு அது தேவையில்லை, நல்ல காலம்.)

நடுகைக் கலவை: கால் அங்குலத்துக்குக் குறைந்த கருங்கல் சல்லி மூன்று பங்கு, கழுவின பருமணல் ஒரு பங்கு, மக்கின இலை எரு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி உமிக்கரி. மணல் ஆற்று மணலாக இருக்க வேண்டும், கடற்கரை மணல் எத்தனை கழுவினாலும் வேண்டாம். சல்லியை மா அரிக்கிற அரிதட்டில் அரித்துத் தூசை எறியுங்கள். தூசு அடியில் படிந்து துளையை அடைத்தால் சல்லி போட்டதற்கே பலனில்லை. அதே 8 அங்குலச் சாடி போதும், இதைவிடப் பெரியது கூடாது. வேர் குடிக்காத மண்ணில் ஈரம் தேங்கி நிற்கும். அந்தப் பட்டை பிடித்த அடி முன்பு இருந்த ஆழத்திலேயே நிற்கட்டும், புதைக்க வேண்டாம்.

நட்ட பிறகு ஐந்து நாள் தண்ணி இல்லை. ஆறாம் நாள் பின்னேரம் சாடியின் ஓரத்தைச் சுற்றி 250 மில்லிலீற்றர். நாலு நாள் கழித்து அரை லீற்றர். இன்னொரு கிழமை கழித்து, அடியால் ஓடும்வரை முழுதாக. அதற்குப் பிறகு, மண் அடிவரை காய்ந்து மூன்று நாள் கழித்துத்தான் அடுத்தது. முதலில் கொஞ்சமாக விடுவது புதுவேரை அழைக்கத்தான். மூன்று வேரால் ஒரு லீற்றர் குடிக்க முடியாது. பின்னேரம் விடச் சொல்வது, கள்ளி தன் உடம்பில் இருக்கிற இலைத்துளையை (மூச்சுவிடும் நுண்துளை) இரவில்தான் திறக்கும், மண்ணும் குளிர்ந்திருக்கும் என்பதால். நடுப்பகலில் நனைத்த கறுப்புச் சாடி வேரை அவித்துவிடும்.

கருங்கல் சல்லி:
வேரைப் பார்க்காமல் பேசின் எண்டு சொன்னது என்ர பிழை. வேர் நல்லா இருக்கிற செடிக்கு, சோறு மட்டும் காய்ஞ்சால்தான் அந்த முறை.

ஒண்டு சேர்க்கிறன். சமையல் தராசு இருந்தால், நட்டவுடன் காய்ஞ்ச நிலையில சாடியை நிறுத்து எழுதி வையுங்கோ. முழுத்தண்ணி விட்டு வடிஞ்ச பிறகு இன்னொருக்கா நிறுங்கோ. எடை திரும்பப் பழைய காய்ஞ்ச எடைக்குக் கிட்ட வந்தால்தான் அடி காய்ஞ்சிருக்கு. மேல் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணி விடுறதைவிட இது நூறு மடங்கு நிச்சயம், கச்சான் காலத்தில மேல் மண் இரண்டு மணித்தியாலத்திலேயே காய்ஞ்சிடும்.

நிலாவெளி மழைத்தண்ணி:
தண்ணியைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கக் கடலோரக் கிணறுகளில் பலதும் உவர். ஒரு வாய் வைத்துப் பாருங்க, நாக்குக்கு உப்புத் தெரிந்தால் கள்ளிக்கு அது கூடாது. மண்ணில் உப்புக் கூடினால் வேருக்குள் தண்ணி போகாது, ஈரத்துக்குள் நின்றே செடி தாகத்தில் சுருங்கும். சாடி விளிம்பிலும் மண்ணிலும் வெள்ளைப் படிவு இருந்தால் அதுதான் அடையாளம்.

மழைத்தண்ணி முதல் தரம். இல்லாவிட்டால் குழாய்த் தண்ணியை வாளியில் ஓரிரவு திறந்து வைத்து விடுங்க. செடி தேறின பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருக்கா, சாடியின் கொள்ளளவில் மூன்று மடங்குத் தண்ணியைப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று தரமாக விட்டு உப்பைக் கழுவுங்க. 8 அங்குலச் சாடி ஏறக்குறைய நாலு லீற்றர், ஆகவே 12 லீற்றர்.

அடித்தட்டில் தண்ணி நிற்க விடாதீங்க, வேருக்கும் கேடு, டெங்கு நுளம்புக்கும் வசதி.

இடம்: இப்போதைக்குக் கிழக்கு வெயில் இரண்டு மணித்தியாலம், மிச்ச நேரம் 50 வீத நிழல் வலை. சுருங்கின உடம்பு சுலபமாக வெயிலில் கருகும், அந்த வெள்ளைத் தழும்பு மாறாது. ஐப்பசி நடுவில மழை துவங்கினால் கூரைக்குக் கீழே எடுங்க. தை முடியும்வரை காற்றிலேயே ஈரம் இருக்கும், மாதத்துக்கு ஒரு முழுத்தண்ணி போதும், மண் காயாவிட்டால் அதுவும் வேண்டாம். அதனால்தான் இந்த வேலையை நாளைக்கே துவங்கச் சொல்றேன். மழைக்கு முன் உங்களுக்கு ஐந்து கிழமைதான் இருக்கு.

உப்புவெளி மேல்மாடி:
விளிம்பில வெள்ளைப் படிவு இருக்கு, சரியாச் சொன்னீங்கள். கிணத்துத் தண்ணியை நிப்பாட்டுறன். வேர் பிடிச்சதை எப்படி அறியிறது? சிவப்புத் தலைக்காரனை மறந்திடாதேங்கோ.

வேரைப் பார்:
மூன்று நாலு கிழமையில் செடியை இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல, மிக மெல்ல, மேலே தூக்கிப் பாருங்கள். மண்ணோடு இழுபட்டால் பிடித்துவிட்டது. வரிகள் விரிவதும் உச்சியில் புது மஞ்சள் முள் எட்டிப் பார்ப்பதும் அதற்குப் பிறகுதான். சுருக்கம் முழுதாக விரிய இரண்டு மூன்று மாதம் எடுக்கலாம், அவசரப்பட்டுத் தண்ணியைக் கூட்ட வேண்டாம்.

சிவப்புத் தலைக்கு வைத்தியம் வேறு. கீழே இருக்கிற முக்கோணப் பச்சைத் தண்டு டிராகன் பழ இனம். பாலைவனச் செடி அல்ல, வெப்பமண்டலக் காட்டுக் கொடி. அதற்குத் தும்புச்சோறு பொருந்தும், பேசின் வைத்தியமும் பொருந்தும், மேல் மண் ஓர் அங்குலம் காய்ந்தவுடன் தண்ணி கேட்கும். நேர் வெயில் வேண்டாம். தண்டு மெலிந்தும் பச்சையாக இருந்தால் ஒரு கிழமையில் நிமிரும். தண்டு மஞ்சளாகிக் கூழானால், தலை இறுக்கமாக இருக்கும்போதே அடியைச் சுத்தமாக வெட்டி, புது டிராகன் தண்டின் வெட்டுமுகத்தில், இரண்டிலும் தெரிகிற நடு வளையங்கள் ஒன்றையொன்று தொடும்படி வைத்து, றப்பர் பட்டியால் இறுக்கி இரண்டு கிழமை நிழலில் விடுங்கள். அந்தச் சிவப்புத் தலையில் பச்சையம் இல்லை. மண்ணில் நட்டால் வேர் விட்டாலும் அது பிழைக்காது.