யாப்பகூவா மலைக்கோட்டைக்கு இரவில ஏறலாமோ? ஏறினாக்கள் சொல்லுங்கோ

கொக்குவில் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். கம்பஸ் கூட்டாளிமார் ஏழு பேர் சேர்ந்து வாற பறுவத்துக்கு யாப்பகூவா மலைக்கோட்டைக்கு இரவில ஏறுற பிளான் ஒண்டு போட்டிருக்கிறம். யாழ்ப்பாணத்தில இரவு மெயில் ரெயினில ஏறி மாகோவில இறங்கினா அங்கால நாலைஞ்சு கிலோமீற்றர்தான், நடந்தே போயிடலாம், நிலவு வெளிச்சத்தில ஏறி உச்சியில இருந்து விடியிறதைப் பாத்திட்டு இறங்குறது. பகலில ரிக்கற் எடுத்து ஏறலாம் எண்டு தெரியும், ஆனா குருநாகல் பக்கத்து வெயிலில அந்தப் பாறை கொதிக்கும், மற்றது பகலில எல்லாரும் போறதுதானே. இதில ஒருத்தன் சொல்றான் பின்பக்கப் பத்தைக்குள்ளால ஒரு ஒற்றையடிப் பாதை இருக்காம், கேற்றுக்குப் போகாமலே ஏறலாமாம். ஆராவது போயிருந்தா விபரம் சொல்லுங்கோ. மலையே இல்லாத ஊரில பிறந்து வளந்த எங்களுக்கு இது சரியான ஆசை.

ஓடக்கரையான்:
தம்பி, ஆசை சரி, பின்பக்கப் பாதைக் கதையை இண்டையோட விடுங்கோ. அது தொல்பொருள் திணைக்களத்தின்ர பாதுகாப்பில இருக்கிற இடம், 1940ஆம் ஆண்டிலயே அதுக்கெண்டு தொல்பொருட் கட்டளைச் சட்டம் போட்டு வச்சிருக்கிறாங்கள், இந்தச் சட்டத்தில விளையாட்டு இல்ல. 2015இல சிகிரியாக் குன்றில கண்ணாடிச் சுவர் எண்டு சொல்ற பழைய சுவரில பேர் கீறின மட்டக்களப்புப் பக்கத்துப் பிள்ளைக்கு ரெண்டு வருச மறியல் எண்டு தீர்ப்பு வந்து, பிறகு ஜனாதிபதி மன்னிப்புக் குடுத்துத்தான் அது வெளியில வந்தது, மறந்திட்டியளோ? இன்னொண்டையும் யோசியுங்கோ. இந்த நாட்டில பழைய இடிபாட்டுக்க நடுச்சாமத்தில ரோச் லைற்றோட ஏழு பேர் நிண்டா, சனம் முதல் நினைக்கிறது புதையல் தோண்ட வந்த கூட்டம் எண்டுதான். ஊர்ச்சனம் சுத்தி வளைச்சால் நீங்கள் சிங்களத்தில என்ன சொல்லி விளங்கப்படுத்தப் போறியள்? சூரியன் பாக்க வந்தனாங்கள் எண்டோ? பொலிசுக்கு விளங்கப்படுத்தி முடியமுன்னம் ரெண்டு நீதிமன்றத் தவணை போயிடும், கம்பஸ் சோதினையும் போயிடும்.

இரவுப்பறவை:
அண்ணை சொன்ன சிகிரியாக் கதையில ஒண்டை விட்டிட்டார். அந்தப் பிள்ளை ரிக்கற் எடுத்துப் பகலில முன்வாசலால போய்த்தான் கீறினது. சேதம் செய்யிறவன் பகலிலயும் செய்வான், செய்யாதவன் இரவிலயும் செய்யமாட்டான். பகல் முழுக்க பஸ் பஸ்ஸா வந்து படிக்கட்டுச் சிங்கத்தில ஏறி இருந்து செல்ஃபி எடுக்கிற ஆக்களால வாற தேய்மானத்தை விட, ஏழு பெடியள் சத்தம் போடாமல் ஏறி உச்சியில இருந்திட்டு இறங்குறதால என்ன வந்திடும்? நான் மலையகப் பக்கம் கன இரவுகள் கூட்டாளிமாரோட நடந்தனான், இரவில மலை ஏறுறது வேற அனுபவம், முன்னால போறவன்ர குதிகால் மட்டும்தான் தெரியும், ஆரும் போனை எடுக்கமாட்டாங்கள், பகலில கதைக்காத கதையெல்லாம் அப்பதான் வாய்க்குள்ளால வரும். ஒரு கோட்டையைக் காவல்காரன் எப்பிடிப் பாத்திருப்பான் எண்டு தெரியவேணும் எண்டா இரவில போய்த்தான் பாக்கவேணும், அவன் முழிச்சிருந்தது இரவிலதானே. பயத்தைக் காட்டிக் காட்டியே எங்கட பெடியளை வீட்டுக்க வச்சிருக்கிறம்.

மானிப்பாய் நேர்ஸ்:
நான் வார்ட்டில வேலை செய்யிற ஆள், சட்டம் கதைக்க வரேல்ல. மாகோ, கல்கமுவ பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடம். இந்த நாட்டில இப்ப சில வருசமா ஒவ்வொரு வருசமும் 400 யானை அளவில சாகுது, 100க்கு மேல சனமும் யானையால சாகுது, 2023இல மட்டும் 180 பேர் அளவில. அதில கனபேர் இருட்டில ரோட்டில நடந்தாக்கள், சைக்கிளில போனாக்கள். ஸ்ரேசனில இருந்து நடுச்சாமத்தில நடந்து போறம் எண்டு சும்மா எழுதியிருக்கிறியள், அதைப் படிக்கவே எனக்கு நெஞ்சு பதறுது.

அடுத்தது பாம்பு. வரண்ட வலயத்து வயல்கரையில புடையன், அதுதான் கண்ணாடி விரியன், இரவிலதான் கூட. கடிச்சா கட்டிறது, கீறுறது, வாயால உறிஞ்சிறது ஒண்டும் வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் வச்சு உடன பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுதான் வைத்தியம், 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா காசில்லாமல் அம்புலன்ஸ் வரும், விசமுறி மருந்தும் அங்க காசில்லாமல்தான். ஆனா புடையனுக்கும் நாகத்துக்கும் இருக்கிற அந்த மருந்து மூக்கு மேல தூக்கின சின்ன விரியனுக்குக் கேக்காது, அதுக்கெண்டு மருந்து இல்ல, அது காய்ஞ்ச சருகுக்கதான் கிடக்கும். நீங்கள் சொல்ற பத்தைக்குள்ளால போற பாதையில, பாறை உச்சியில இருக்கேக்க ஒருத்தனுக்குக் கடிச்சா, ஆர் தூக்கிக்கொண்டு இறங்குறது, அம்புலன்ஸ்காரனுக்கு எந்த இடம் எண்டு சொல்றது? கேற்றால போனா ஆக்களுக்காவது தெரிஞ்சிருக்கும். எனக்கு ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள், உங்கட வயசுதான்.

சரித்திரப் பிரியன்:
எல்லாரும் போற வழியைப் பற்றியே கதைக்கிறியள், அங்க என்ன இருக்கெண்டு ஒருத்தரும் கதைக்கேல்ல. கலிங்க மாகன் 1215இல வந்து பொலனறுவையைப் பிடிச்சு வச்சிருந்த காலத்தில சுபன் எண்ட சேனாதிபதி தனக்கு அரணாப் பிடிச்ச பாறை அது. பிறகு 1270களில முதலாம் புவனேகபாகு அதை இராசதானி ஆக்கி, புத்தரின்ர பல் எண்டு கும்பிடுற தந்ததாதுவையும் அங்க கொண்டு போனவன். 1284 அளவில பாண்டியன் குலசேகரன்ர படை போய் அந்தக் கோட்டையை விழுத்தி, தந்ததாதுவையும் பாண்டி நாட்டுக்குக் கொண்டு போனது. அந்தப் படையை நடத்தினவன்ர பேர் ஆரியச்சக்கரவர்த்தி எண்டு சூளவம்சம் எண்ட பழைய பாளி வரலாற்று நூல் சொல்லுது. பிறகு நல்லூரில அரசிருந்த யாழ்ப்பாண ராசாக்கள் வச்சிருந்த அதே பேர். பிறகு வந்த சிங்கள அரசன் மூண்டாம் பராக்கிரமபாகு பாண்டியனிட்ட நேர போய் இரந்துதான் அதைத் திருப்பி வாங்கினவன், அதுக்குப் பிறகு யாப்பகூவாவில ஆரும் அரசிருக்கேல்ல. அப்ப யாழ்ப்பாணத்துப் பெடியள் அங்க போறதெண்டா இதைத் தெரிஞ்சுகொண்டு போகவேணும்.

அந்த மூண்டடுக்குப் படிக்கட்டில ஆடுற பெண்டுகள், மத்தளம் அடிக்கிற ஆக்கள், ரெண்டு பக்கமும் கல்லுச் சிங்கம், தென்னிந்தியக் கோயில் வேலைப்பாடு மாதிரியே இருக்கும், பழைய பத்து ரூபாத் தாளில வந்ததும் அந்தச் சிங்கம்தான். அங்க தோண்டினபோது சீனப் பீங்கானும் சீன நாணயமும் எடுத்திருக்கிறாங்கள். இதை இரவில ரோச் அடிச்சுப் பாத்தா என்ன தெரியும்? அதுவும் பின்பக்கத்தால ஏறினா படிக்கட்டையே காணமாட்டியள். விடியக் கேற்றுத் திறக்கேக்க முதல் ஆளா நில்லுங்கோ, வெயில் ஏறமுன்னம் உச்சிக்குப் போயிடலாம், பாறை ஒரு 90 மீற்றர் உயரம்தான்.

இரவுப்பறவை:
சரித்திரம் நல்லா இருக்கு, ஆனா அதுவே என்ர பக்கத்துக்குத்தான் சாதகம். அந்தப் படை வந்த பாறையில நிலவில இருந்து யோசிச்சுப் பாக்கிறதும் பகல் பதினொரு மணிக்கு கைட் சொல்றதைக் கேக்கிறதும் ஒண்டோ? யானைக் கதைக்கு நேர்ஸ் அக்கா சொல்றதை ஏற்கிறன், ஸ்ரேசனில இருந்து நடக்காமல் முச்சக்கர வண்டி பிடிக்கவேணும். மற்றதுக்கெல்லாம் சப்பாத்து, நல்ல ரோச், கையில தடி காணும்.

ஓடக்கரையான்:
நடுச்சாமத்தில மாகோ ஸ்ரேசனில ஏழு பேரை ஏத்திக்கொண்டு பூட்டின கோட்டைக்குப் போற முச்சக்கர வண்டிக்காரன், உங்களை இறக்கி விட்டிட்டு நேர பொலிசுக்குத்தான் கோல் எடுப்பான். எடுக்காட்டி அவனில எனக்கு இன்னும் சந்தேகம்.

நல்லூரான் (ரொறன்ரோ):
நான் நாட்டை விட்டு வந்து கனகாலம். ஓடக்கரையான் அண்ணை சொல்றது எல்லாம் சரியா இருக்கலாம், ஆனா ஒரு விசயம் இங்க ஒருத்தரும் சொல்லேல்ல. இந்தப் பெடியளின்ர வயசில, யுத்த காலத்தில, எங்களுக்கு இரவு எண்ட ஒண்டே இருக்கேல்ல. ஆறு மணிக்கு ஊரடங்கு, கரண்ட் இல்ல, குப்பி விளக்கு, வெளியில நாய் குரைச்சா வீட்டுக்க எல்லாருக்கும் மூச்சு நிண்டிடும். கூட்டாளி வீடு நாலு வேலி தள்ளி, ஆனா இருட்டினா அந்த நாலு வேலியைத் தாண்ட ஏலாது. ரெயினும் இல்ல, 1990இல நிண்ட யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014இல. இப்ப ஏழு பெடியள் இரவு ரெயினில ஏறி, ஒருத்தருக்கும் அடையாள அட்டை காட்டாமல், தெற்குப் பக்கம் போய் மலை ஏறி விடியிறதைப் பாப்பம் எண்டு நினைக்கிறாங்கள். அதை வாசிக்க எனக்குக் கண் கலங்குது. பிள்ளையளைப் போக விடுங்கோ. களவாப் போறது வேண்டாம், ஆனா இரவு வேண்டாம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ, இரவு எங்களிட்ட இருந்து ஒருக்காப் பறிபட்டது காணும்.

ஓடக்கரையான்:
நல்லூரான், அந்த இரவுகளில நானும் இருந்தனான், அதாலதான் சொல்றன். நடுச்சாமத்தில பொலிஸ் ஸ்ரேசன் வாசலில பிள்ளைக்காக நிக்கிற தாய்மாரைக் கண்டு கண்டு என்ர கண் பூத்தது. அந்த வாங்கில இன்னொரு அம்மாவை இருத்தக் கூடாது. இரவைப் பெடியள் எடுக்கட்டும், ஆனா சட்டம் அவங்கட பக்கம் நிக்கிற இடத்தில எடுக்கட்டும்.

தீவகத்துப் பிள்ளை:
நான் ஒண்டு கேக்கலாமோ? இவ்வளவு கதைக்கிறியள், நாங்கள் பொம்பிளைப் பிள்ளையள் இந்தக் கதையில எங்க? பின்பக்கப் பத்தைக்குள்ளால போற பயணத்துக்கு எந்த வீட்டிலயும் எங்களை விடமாட்டினம், விடச்சொல்லி நானும் கேக்கமாட்டன். போன வருசம் சிவனொளிபாதமலைக்குப் போனனாங்கள், அக்காமார், அண்ணாமார், ஒரு ஆச்சி எல்லாரும். ஹற்றனில இறங்கி மஸ்கெலியாவால நல்லதண்ணிக்குப் போய், இரவு வெளிக்கிட்டு ஏறினது. சீசனில வழி முழுக்க லைற், இடைக்கிட தேத்தண்ணிக் கடை, மேல ஏற ஏறக் குளிர், 5000க்கு மேல படி, சிங்களச் சனம் எங்களைக் கண்டு கருணாவாய் எண்டு சொல்லிச் சொல்லி வழி விட்டது. உச்சி கடல்மட்டத்தில இருந்து 2243 மீற்றர். விடியேக்க மலையின்ர நிழல் முக்கோணமா மற்றப் பக்கம் விழும், அதைப் பாத்து எங்கட ஆச்சி அரோகரா எண்டு கும்பிட்டவ. இரவு வேணும், கூட்டாளி வேணும், சூரியன் வேணும் எண்டா எல்லாம் அங்க இருக்கு, ஒருத்தருக்கும் ஒளிக்கத் தேவையில்ல. டிசம்பர்ப் பறுவத்தில இருந்து வைகாசி விசாகம் வரைக்கும் சீசன்.

சரித்திரப் பிரியன்:
தங்கச்சி சொன்னதுக்கு ஒரு சேதி சேர்க்கிறன். 1344இல மொரோக்கோப் பயணி இபின் பதூதா இலங்கைக்கு வந்தபோது அவரை வரவேற்றது எங்கட ஆரியச்சக்கரவர்த்தி அரசன்தான். அந்த மலையைப் பாக்கவேணும் எண்டு அவர் கேக்க, அரசன் பல்லக்கும் குடுத்து, நாலு யோகியள், மூண்டு பிராமணர், துணைக்குப் பத்துப் பேர், சாமான் தூக்கப் பதினைஞ்சு பேர் எண்டு கூட அனுப்பினவன். பாறையில பிடிச்சு ஏறுற சங்கிலியைப் பற்றி அவரே எழுதி வச்சிருக்கிறார். யாழ்ப்பாணத்து அரசன் ஆள் சேர்த்து அனுப்பின மலைக்கு யாழ்ப்பாணத்துப் பெடியள் போறதில என்ன குறை?

இரவுப்பறவை:
குறை ஒண்டும் இல்ல, ஆனா அது கோயில், கோட்டை இல்ல. ஆயிரக்கணக்கான சனம், லைற், ஸ்பீக்கரில பிக்குமார் ஓதுற பிரித், அந்தத் தனிமை அங்க கிடையாது. பெடியன் கேட்டது இடிஞ்ச கோட்டையில ஒரு இரவு. கோட்டைதான் வேணும் எண்டா திருகோணமலை இருக்கு. போர்த்துக்கீசன் 1622இல கோணேசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லிலயே கட்டின கோட்டை, வாசல் கல்லில பாண்டியன்ர ரெட்டைக் கயல் மீன் சின்னம் இப்பவும் இருக்கு, மலை உச்சி, கீழ கடல். ஆனா அங்க ஆமி இருக்கு, பூசை முடிஞ்ச பிறகு இருக்க விடமாட்டினம். அப்ப இந்த நாட்டில ஒரு மலைக்கோட்டையில கூட இரவு இருக்க ஏலாதோ? பறுவத்துக்கு மட்டும், அளவான ஆக்களை, காவலாளியோட, காசு வாங்கி விட்டா என்ன? திணைக்களத்துக்கு எழுதிக் கேக்கவேணும், நான் எழுதப்போறன்.

ஓடக்கரையான்:
எழுதுங்கோ. மூண்டு மொழியிலயும் எழுதுங்கோ, சிங்களத்தில எழுத ஆள் வேணும் எண்டா நான் இருக்கிறன், முப்பது வருசம் கந்தோரில அதுதான் வேலை. அனுமதி வந்தா முதல் ஆளா நானே பெடியளோட வருவன். அனுமதி வாறதுக்கு முன்னம் ஏறினா என்ர வாயால நல்ல சொல் வராது.

கொக்குவில் பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. கூட்டாளிமாரோட இருந்து கதைச்சம். பின்பக்கப் பாதை இல்ல, அது முடிவு. யாப்பகூவாவுக்கு விடிய ரிக்கற் எடுத்துக் கேற்றால போறம், படிக்கட்டை வடிவாப் பாக்கிறம். அடுத்த சீசனுக்கு சிவனொளிபாதமலை, அதுக்கு எங்கட கம்பஸ் பச்சில (batch) நாலு பொம்பிளைப் பிள்ளையளும் வருகினம், அவையின்ர வீட்டிலயும் ஓம் எண்டாச்சு. எங்களில ரெண்டு பேருக்கு இன்னும் மனமில்ல, கோட்டையில இரவு இருந்தே தீரவேணும் எண்டு நிக்கிறாங்கள், அவங்கள் கடிதத்தில கையெழுத்து வைப்பாங்கள். நல்லதண்ணியில தங்க இடம், யாழ்ப்பாணத்தில இருந்து நேர ஓடுற நல்ல வான்காரர் ஆரையும் தெரிஞ்சா சொல்லுங்கோ. இரவுப்பறவை அண்ணை, நீங்கள் எங்களோட வரலாமே?

இரவுப்பறவை:
மலைக்கு வரேல்ல தம்பி, சனத்துக்க எனக்கு ஏறத் தெரியாது. யாப்பகூவாவுக்கு எந்த நாள் எண்டு சொல்லுங்கோ, வாறன்.