கிளாஸை டிராப் செய்ய முடியவில்லை, வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவசரம்!

மைனாக்குஞ்சு (புதன், இரவு 10.40)
எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருஷ அரசுக் காலேஜ்) படிக்கிறேன். ஸ்டாட்ஸ் (புள்ளியியல்) கிளாஸை டிராப் செய்தே, அதாவது பாதியில் விலகியே ஆக வேண்டும். போர்ட்டலில் அழுத்தினால் சிவப்பு எழுத்தில் ஏதோ வருகிறது, கிளாஸ் அப்படியே நிற்கிறது. போனில் இரண்டு முறை, லேப்டாப்பில் இரண்டு முறை பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். ஆபீஸ் மூடிவிட்டார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டாலஸ்_தம்பி (இரவு 10.52)
அவசரப்பட்டு டிராப் செய்யாதீர்கள். 2007 ஃபால் செமஸ்டர் முதல் சேர்ந்தவர்களுக்கு அரசு காலேஜ்களில் மொத்தமே 6 டிராப்தான். ஏற்கெனவே எத்தனை செய்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டாவது வகுப்பு நாளுக்குள் டிராப் செய்தால் அது கணக்கில் வராது, இப்போது அதுவும் தாண்டிவிட்டது.

பே_ஏரியா_பாலு (இரவு 10.58)
தம்பி, அது டெக்சஸ் சட்டம். அவர் எந்த ஊர் என்றே சொல்லவில்லையே. மைனா, எந்த மாநிலம்? சிவப்பு எழுத்து என்ன சொல்கிறது? அதை அப்படியே தட்டிப் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை (இரவு 11.05)
மாதம் ஒருமுறை இதே கேள்வி. மாநிலம், விசா, எத்தனை யூனிட் (பாடத்தின் அளவுக் கணக்கு), எத்தனை வாரக் கிளாஸ், காசு கட்டியதா கிராண்ட்டா, இந்த ஐந்தும் இல்லாமல் பதில் சொல்ல இங்கே யாரும் ஜோசியர் இல்லை. எல்லாக் காலேஜும் அகடமிக் காலண்டர் போடுகிறது. படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது போதும்.

இளங்கோ_ஐடி (இரவு 11.09)
கேஷ் கிளியர் செய்து, இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள். பத்தில் ஒன்பது முறை இதுதான்.

பே_ஏரியா_பாலு (இரவு 11.11)
இளங்கோ, போன மாதம் ஒருவருக்குப் பாஸ்போர்ட் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காததற்கும் இதையேதான் சொன்னீர்கள்.

சாக்ரமென்டோ_சித்ரா (இரவு 11.20)
எஃப்-1 (மாணவர் விசா) ஆக இருந்தால் தயவுசெய்து கையை எடுங்கள். 12 யூனிட்டுக்குக் கீழே போகும் முன்பு காலேஜின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். முதலில் டிராப் செய்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்றால் விசா ஸ்டேட்டஸ் போய்விடும்.

மைனாக்குஞ்சு (இரவு 11.31)
மன்னிக்கவும், பாப்பாவைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். கலிபோர்னியா. கிரீன் கார்டு. எஃப்-1 இல்லை. கிளாஸ் ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்தது, 16 வாரம். இன்காக்னிட்டோவிலும் அதே சிவப்பு. பெல் கிராண்ட் (அரசு தரும் படிப்பு உதவிப் பணம்) வாங்குகிறேன், அதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களா?

மில்பிடாஸ்_மாமா (இரவு 11.40)
எதற்கு இந்த வம்பு? கிளாஸுக்குப் போகாமல் இருங்கள். இரண்டு வாரத்தில் வாத்தியாரே பெயரை எடுத்துவிடுவார். என் மச்சானுக்கு அப்படித்தான் ஆயிற்று.

சாக்ரமென்டோ_சித்ரா (இரவு 11.44)
மாமா, இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பேருக்கு எஃப் கிரேடு (ஃபெயில்) வாங்கிக் கொடுத்தீர்களோ. வராத ஆளை எடுக்கச் சொல்வதெல்லாம் ஆரம்ப வாரங்களில், சென்சஸ் நாளுக்கு (காலேஜ் மாணவர்களைக் கணக்கெடுக்கும் நாள்) முன்னால். நவம்பரில் வாத்தியார் எடுப்பார் என்று நம்பி இருக்க முடியாது. நாம் விலகாவிட்டால் கிரேடு விழுந்தே தீரும், அதுவும் எஃப்தான்.

மில்பிடாஸ்_மாமா (இரவு 11.46)
என் மச்சான் 2003-இல் படித்தான்.

கணக்குப்பிள்ளை (இரவு 11.50)
இதைத்தான் சொல்கிறேன். 2003.

பே_ஏரியா_பாலு (இரவு 11.58)
மைனா, கலிபோர்னியா என்றால் கதை இப்படி. சென்சஸுக்கு முன் எடுத்தால் ட்ரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது, அதெல்லாம் செப்டம்பரோடு முடிந்தது. இப்போது எடுத்தால் "டபிள்யூ" (விலகினார் என்ற குறி) விழும். கிளாஸின் 75 சதவீதம் வரை அப்படி எடுக்கலாம், 16 வாரத்துக்கு அது 12-ஆவது வாரம். உங்கள் வெள்ளிக்கிழமை அதுதான். டபிள்யூ ஜிபிஏவில் (கிரேடு சராசரி) சேராது. ஆனால் அதே பாடத்துக்கு மொத்தம் மூன்று முயற்சிதான், டபிள்யூவும் ஒரு முயற்சி. கட்டிய ஃபீஸ் திரும்பி வராது, யூனிட்டுக்கு 46 டாலர் போனது போனதுதான். அதெல்லாம் இருக்கட்டும், சிவப்பு எழுத்து என்ன சொல்கிறது?

ஃப்ரீமாண்ட்_அப்பா (வியாழன், காலை 6.15)
டபிள்யூ கிட்டத்தட்ட எஃப் மாதிரிதான். யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) அப்ளிகேஷனில் ஒன்று இருந்தாலே கதவு மூடிவிடும். என் பையன் பத்தாவதிலேயே கம்யூனிட்டி காலேஜில் கால்குலஸ் எடுத்தான், நடுவில் விட்டான், அதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாக்ரமென்டோ_சித்ரா (காலை 7.02)
மூடாது. எஃப் ஜிபிஏவைக் கீழே இழுக்கும், டபிள்யூ இழுக்காது. வருஷா வருஷம் டபிள்யூவோடு யூசிக்கு மாறிப் போகிறார்கள், வரிசையாக நான்கைந்து இருந்தால்தான் கேள்வி. காலேஜ் பாடத்தை யூசியில் மறைக்க முடியாது என்பது மட்டும் உண்மை, எடுத்ததையெல்லாம் போட வேண்டும். அப்புறம், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு யார் கால்குலஸ் எடுத்துக் கொடுத்தது, அவனா நீங்களா?

ஃப்ரீமாண்ட்_அப்பா (காலை 7.10)
ஹைஸ்கூல் பிள்ளைகள் 11 யூனிட் வரை ஃபீஸ் இல்லாமல் எடுக்கலாம் என்று எல்லோரும் எடுக்கிறார்கள். அவன் மட்டும் எடுக்காமல் இருப்பானா?

சாக்ரமென்டோ_சித்ரா (காலை 7.13)
"எல்லோரும்" என்றால் உங்கள் தெருவில் நான்கு பேர்.

ஃப்ரீமாண்ட்_அப்பா (காலை 7.20)
என் தெருவில் ஆறு பேர். சும்மா சொல்லவில்லை. அதில் மூன்று பேர் பெர்க்லியில்.

டாலஸ்_தம்பி (காலை 7.31)
மற்ற மூன்று பேர்?

ஃப்ரீமாண்ட்_அப்பா (காலை 7.33)
அதுதான் கேள்வியே.

கணக்குப்பிள்ளை (காலை 8.00)
கேள்வி கேட்டவர் எங்கே? ஒன்பது மணி நேரம் ஆயிற்று. ஒரு சிவப்பு வரியைத் தட்டிப் போட இத்தனை நேரமா? நாம் பிள்ளை வளர்ப்பு பற்றிப் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

மைனாக்குஞ்சு (காலை 9.26)
பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். சிவப்பு எழுத்தில் "இணைப் பாடம் தேவை" என்கிற அர்த்தத்தில் ஒரு வரி, பக்கத்தில் ஐந்து இலக்க எண். ஸ்டாட்ஸோடு ஒரு சப்போர்ட் கிளாஸும் இருக்கிறது, வெள்ளிக்கிழமை காலையில். அது இருக்கட்டும் என்று நினைத்தேன், அந்த வாத்தியார் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்.

பே_ஏரியா_பாலு (காலை 9.34)
ஆகா, இதை நேற்றே சொல்லியிருந்தால்! அந்த சப்போர்ட் கிளாஸ் தனியாக நிற்காது. 2017-இல் வந்த ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு காலேஜ்கள் அடிப்படைக் கணக்கு வகுப்புகளில் பெரும்பாலானவற்றைக் குறைத்துவிட்டு, நேரே ஸ்டாட்ஸில் போட்டு, பக்கத்தில் துணை வகுப்பு ஒன்றைக் கட்டிவிடுகின்றன. சிஸ்டத்தில் இரண்டும் ஒரே முடிச்சு. ஒன்றை மட்டும் அவிழ்க்கப் பார்க்கிறீர்கள், அதுதான் சிவப்பு.

செய்ய வேண்டியது: இரண்டு வரியிலும் டிராப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை சப்மிட். ஒன்றைத் தேர்ந்து சப்மிட் செய்துவிட்டு அடுத்ததற்குப் போனால் மறுபடியும் சிவப்புதான். என் தங்கைக்குப் போன வருஷம் இப்படித்தான் போனது. அப்படியும் போகாவிட்டால், அட்மிஷன்ஸ் அண்ட் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு மாணவர் ஐடியும் இரண்டு செக்ஷன் எண்ணும் போட்டு இன்றைக்கே மெயில் அனுப்புங்கள். வெள்ளிக்கு முன்னால் கேட்டதற்கு அதுதான் சாட்சி. கேன்வாஸிலிருந்து (பாடம் நடக்கும் இணையதளம்) கிளாஸை மறைத்துவிட்டு டிராப் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அது வெறும் முகப்பு.

சாக்ரமென்டோ_சித்ரா (காலை 9.50)
பெல் பற்றிக் கேட்டீர்களே. எல்லாக் கிளாஸையும் விட்டால்தான் திருப்பிக் கட்டும் கணக்கு, அதுவும் செமஸ்டரில் 60 சதவீதத்துக்கு முன்னால் விட்டால். அந்தக் கோடு நவம்பர் தொடக்கத்திலேயே தாண்டிவிட்டது. அதனால் இந்தத் தடவை பணம் பத்திரம். அடுத்த தடவைதான் பார்க்க வேண்டும், எடுத்த யூனிட்டில் 67 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். வேறு என்ன எடுத்திருக்கிறீர்கள், முன்னால் எத்தனை முடித்தீர்கள்?

மைனாக்குஞ்சு (காலை 10.05)
ஸ்டாட்ஸ் 4, சப்போர்ட் 2, இங்கிலீஷ் 3. போன செமஸ்டரில் 12 முடித்தேன். இதற்கு முன்னால் எதையும் விட்டதில்லை. இந்த முறை திருச்சியில் அம்மாவுக்கு ஆபரேஷன், அக்டோபரில் மூன்று வாரம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கிளாஸ் எங்கேயோ போய்விட்டிருந்தது. இங்கிலீஷ் வாத்தியார் மட்டும் நேரம் கொடுத்தார்.

சாக்ரமென்டோ_சித்ரா (காலை 10.12)
அப்படியென்றால் 21 யூனிட்டில் 15 முடியும். 71 சதவீதம். தப்பித்தீர்கள்.

பே_ஏரியா_பாலு (காலை 10.15)
அம்மா ஆபரேஷனா? இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! அப்படி இருந்தால் டபிள்யூவுக்குப் பதில் "ஈடபிள்யூ" கேட்கலாம். நம் கையை மீறிய காரணத்தால் விலகினால் அது, 2018-இல் வந்தது. மூன்று முயற்சிக் கணக்கில் சேராது, ப்ரொபேஷனுக்கும் (படிப்பில் பின்தங்கினால் காலேஜ் தரும் எச்சரிக்கை) எண்ண மாட்டார்கள். கிராண்ட் ஆபீஸின் 67 சதவீதக் கணக்கில் மட்டும் அதுவும் வரும். டிக்கெட், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் படிவத்தோடு கொடுங்கள். ஆனால் முதலில் இன்றைக்கே டபிள்யூ போடுங்கள், ஈடபிள்யூ அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை (காலை 10.30)
டிஸ்சார்ஜ் சம்மரி தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பு கேட்பார்கள்.

டாலஸ்_தம்பி (காலை 10.33)
திருச்சி ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தமிழில் எழுதிப் பார்த்ததுண்டா சார்?

கணக்குப்பிள்ளை (காலை 10.41)
பொதுவாகச் சொன்னேன்.

மைனாக்குஞ்சு (மாலை 4.48)
போய்விட்டது! இரண்டையும் சேர்த்து எடுத்தேன், சிவப்பு வரவில்லை. நன்றி எல்லோருக்கும். பாப்பா அழுகிறாள்.

சாக்ரமென்டோ_சித்ரா (மாலை 5.10)
சந்தோஷம். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஈடபிள்யூ படிவம் கேட்டீர்களா?

பே_ஏரியா_பாலு (ஞாயிறு, இரவு 9.02)
மைனா, ஈடபிள்யூ என்ன ஆயிற்று? அம்மா எப்படி இருக்கிறார்?

ஃப்ரீமாண்ட்_அப்பா (திங்கள், காலை 6.20)
இங்கேயே கேட்கிறேன். பத்தாவதில் விழுந்த டபிள்யூவுக்கு இப்போது ஈடபிள்யூ கேட்கலாமா? காரணம் நான்தான்.