மெஸ் பீன்ஸ் பொரியலின் பதம் வீட்டில் ஏன் வருவதில்லை?

அண்ணாநகர் அடுக்களை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் வேலை பார்க்கும் கடை மேலமாசி வீதியை ஒட்டி இருப்பதால், வாரத்தில் மூன்று நாள்களாவது அருகிலுள்ள ஒரு சைவ மெஸ்ஸில்தான் அவருக்கு மதியச் சாப்பாடு. வீட்டுக்கு வந்த பிறகு சாம்பாரைப் பற்றியோ ரசத்தைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. இலையில் ஒரு கரண்டி வைக்கிறார்களே, அந்த பீன்ஸ் பொரியலைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பத்து நாள்களுக்கு முன் நானும் உடன் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதில் மிகையில்லை. காய் வெந்திருக்கிறது, ஆனால் குழையவில்லை; பச்சை நிறம் அப்படியே நிற்கிறது; ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரி உதிரியாக இருக்கிறது; நடுநடுவே உளுத்தம்பருப்பு முறுகலாகப் பல்லில் கடிபடுகிறது.

நான் செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு பெரிய வெங்காயத்தை வதக்கி, நறுக்கிய அரைக் கிலோ பீன்ஸைக் கொட்டி, உப்புப் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பேன். பதினைந்து நிமிடம் கழித்துத் திறந்தால் காய் காக்கி நிறத்துக்கு வந்திருக்கும். அடியில் தண்ணீர் வேறு நிற்கும். அந்தத் தண்ணீரை வற்ற வைப்பதற்குள் காய் குழைந்து, தாளித்த பருப்பும் ஊறி நமத்துப்போய்விடுகிறது.

எதிர் வீட்டு அக்கா ஒரு சிட்டிகை சமையல் சோடா போடச் சொல்கிறார். சர்க்கரை போட்டால் நிறம் மாறாது என்கிறார் என் நாத்தனார். மெஸ்ஸில் அஜினமோட்டோ போடுகிறார்கள், அந்த ருசி வீட்டில் வரவே வராது என்று மாமியார் ஒரே போடாகப் போட்டுவிட்டார். விஷயம் தெரிந்தவர்கள் சொன்னால் அதன்படி செய்து பார்ப்பேன்.

பழைய சரக்கு மாஸ்டர்:

அம்மா, மதுரையிலும் திண்டுக்கல்லிலுமாக இருபத்திரண்டு வருடம் சைவ ஹோட்டல் அடுக்களையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடங்களில் பொரியலுக்கு அஜினமோட்டோ போட்டதே இல்லை. அதற்குத் தேவையும் இருந்ததில்லை. ஹோட்டலில் இரண்டு வேலையாகச் செய்வதை நீங்கள் ஒரே சட்டியில் ஒரே வேலையாகச் செய்கிறீர்கள். வித்தியாசம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஹோட்டலில் காயைத் தனியாக வேக வைத்து வடித்துவிடுவோம். தாளிப்பது அதற்குப் பிறகு, பந்தி தொடங்குவதற்குச் சற்று முன்பு. ருசிக்காக யாரோ கண்டுபிடித்த முறை என்று நினைத்துவிடாதீர்கள். பத்து மணிக்குள் எல்லாக் காயும் வெந்து கூடைக்குப் போய்விட்டால்தான் அடுப்பு சாம்பாருக்குக் கிடைக்கும். அடுப்பு பற்றாமல் வந்த பழக்கம் அது; பொரியலுக்கு நல்லதாக அமைந்துவிட்டது.

நீங்கள் அரைக் கிலோவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் வையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் ஒரு மேசைக்கரண்டி கல் உப்பும் காயும் போட வேண்டும். தண்ணீர் சூடாகிற போதே காயைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் பதம் பிடிபடாது. மூடி போடக் கூடாது. பொடியாக நறுக்கிய இளங்காய் என்றால் நான்கைந்து நிமிடம் போதும், ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள். ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினால் தோல் சற்று எதிர்த்து, பிறகு விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் வடித்துவிடுங்கள்.

வடித்த காயைக் குவியலாக விட்டுவிட்டுப் போய்விட்டால் செய்த வேலை வீண். குவியலின் நடுவில் உள்ள சூட்டிலேயே காய் மேலும் வெந்துகொண்டிருக்கும், நிறமும் போகும். நாங்கள் துவைத்த வெள்ளை வேட்டியை முறத்தில் விரித்து, அதன்மேல் காயைப் பரப்பி மின்விசிறிக்குக் கீழே வைத்துவிடுவோம். பத்து நிமிடத்தில் ஆவி அடங்கி, ஒரு பிடி அள்ளினால் உள்ளங்கையில் ஈரம் ஒட்டாத நிலைக்கு வரும். அந்த ஈரம் போகாமல் சட்டியில் போட்டால் பொரியல் அவியலாகிவிடும்.

பிறகு இருப்புச்சட்டியில் கடலெண்ணெய். நீங்கள் இரண்டு தேக்கரண்டி என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஹோட்டலில் கிலோவுக்கு நூறு மில்லி ஊற்றுவோம். வீட்டில் அவ்வளவு வேண்டாமென்றால் அரைக் கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டியாவது ஊற்றுங்கள். கடுகு முழுவதும் வெடித்து ஓய்ந்த பிறகு இரண்டு தேக்கரண்டி உடைத்த உளுந்தைப் போட்டு, தீயைக் குறைத்து, பொன்னிறத்துக்கு ஒரு படி முன்பாகவே கிள்ளிய வற்றல் மிளகாய், கறிவேப்பிலை, கட்டிப் பெருங்காயத் தூள் ஆகியவற்றைச் சேருங்கள். பருப்பு மீதி நிறத்தைச் சட்டிச் சூட்டிலேயே எடுத்துக்கொள்ளும். உடனே காயைக் கொட்டி, தீயைக் கூட்டி, இரண்டு நிமிடம் பிரட்டினால் போதும். கரண்டியால் கிளறாமல் தோசைத் திருப்பியால் அடியிலிருந்து புரட்டுங்கள்.

தேங்காய் அடுப்பை அணைத்த பிறகுதான். கால் மூடித் தேங்காயின் வெள்ளைப் பகுதியை மட்டும் துருவி, ஒரு பச்சை மிளகாயும் அரைத் தேக்கரண்டிச் சீரகமும் சேர்த்து, மிக்ஸியில் தண்ணீர் விடாமல் ஒரே ஒரு சுற்று சுற்றி எடுத்துத் தூவிப் பிரட்டினால், உங்கள் கணவர் சொல்லும் மெஸ் மணம் அதுதான். பெரிய வெங்காயம் தண்ணீர் விடும், நான் சேர்ப்பதில்லை.

மாட்டுத்தாவணி காய்க்கடை:

மாஸ்டர் ஐயா சமையலைச் சொல்லிவிட்டார். நான் காயைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் காய் முற்றலாக இருந்தால் எந்த முறையும் உதவாது.

நம் மதுரைச் சமவெளியின் வெயிலுக்கு பீன்ஸ் ஒத்து வராது. வெப்பம் ஏறினால் பூ உதிர்ந்துவிடும். இங்கே விற்பது பெரும்பாலும் கொடைக்கானல் மலைப் பகுதிகளில் விளைந்து, ஒட்டன்சத்திரம் மார்க்கெட் வழியாகவோ நேராகவோ வந்து சேரும் காய். நீங்கள் அண்ணா நகரில் இருப்பதால் உழவர் சந்தையில் வாங்குவீர்கள் என்று நினைக்கிறேன். 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதலாவதாகத் திறந்த உழவர் சந்தை அதுதான். ஆனால் உள்ளூர்க் கத்தரிக்காயை வாங்குவது போல, சந்தையில் இருப்பதாலேயே காலையில் பறித்தது என்று நம்பி பீன்ஸை வாங்கக் கூடாது. மலைக்காய் எப்போது இறங்கியது என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு காயை எடுத்து ஒடித்தால் டக்கென்று சத்தத்தோடு ஒடிய வேண்டும், ஒடிந்த இடத்தில் ஈரம் தெரிய வேண்டும். வளைந்துகொடுத்தால் வாடிய காய். தோலுக்கு மேலே விதை புடைத்துத் தெரிந்தால் முற்றல். அது கூட்டுக்கும் குருமாவுக்கும் ஆகும், பொரியலுக்கு ஆகாது. முகூர்த்த நாள்களை ஒட்டி விலை ஏறும்போது இளசும் முற்றலும் கலந்து வரும். அப்படிக் கலந்த காயை ஒன்றாக வேக வைத்தால் பாதி குழைந்து பாதி நாராக நிற்கும். உங்கள் பொரியல் குழைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வேதியியல் வாத்தியார்:

சோடாவைப் பற்றியும் சர்க்கரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பச்சைக் காய்க்கு நிறம் தரும் பச்சையத்தின் மூலக்கூறில் நடுவே மெக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. காய் வேகும்போது அதன் செல்கள் சிதைந்து, உள்ளே இருந்த அமிலங்கள் வெளியே வருகின்றன; சூடும் அமிலமும் சேர்ந்தால் மெக்னீசியம் விலகி, அதன் இடத்தை ஹைட்ரஜன் பிடித்துக்கொள்கிறது, பச்சை நிறம் நீங்கள் சொன்ன காக்கிக்கு மாறுகிறது. மூடி போட்டுக் கொஞ்சம் தண்ணீரில் பதினைந்து நிமிடம் வைத்தால், ஆவியோடு போக வேண்டிய அமிலம் மூடியில் பட்டுத் திரும்பக் காயின் மேலேயே சொட்டுகிறது. நிறைய தண்ணீர் என்றால் அமிலம் நீர்த்துப்போகும். திறந்து வைத்தால் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும். நேரம் குறைந்தால் மாற்றம் முற்றுப்பெறாது. மாஸ்டர் சொன்ன முறையில் இந்த மூன்றும் அடங்கியிருக்கின்றன.

சோடா காரம் என்பதால் அமிலத்தை முறித்துப் பச்சையைக் காப்பாற்றும் என்பது உண்மைதான். ஆனால் காயின் செல் சுவர்களையும் அது கரைத்துக் கூழாக்கிவிடும், வைட்டமின் சி-யையும் தயாமினையும் அழிக்கும், வாயில் ஒரு சோப்பு வாடையும் நிற்கும். வேண்டவே வேண்டாம். சர்க்கரைக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை. ஒரு சிட்டிகை போட்டால் ருசி சற்று எடுத்துக்கொடுக்கும், அவ்வளவுதான். எலுமிச்சைச் சாறு பிழிய ஆசைப்பட்டால் இலையில் பிழிந்துகொள்ளுங்கள், சட்டியில் வேண்டாம்.

இன்னொன்று. நிறத்துக்கு ஆசைப்பட்டு அரைவேக்காட்டில் எடுத்துவிடாதீர்கள். பச்சை பீன்ஸில் லெக்டின் என்ற புரதம் உண்டு. ராஜ்மாவில் இருக்கும் அளவுக்கு இல்லையென்றாலும், வேகாமல் தின்றால் வயிற்றைக் கலக்கும். நன்றாகக் கொதிக்கும் நீரில் வெந்தால் அது செயலிழந்துவிடும். உங்கள் வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால், அதிலுள்ள கால்சியத்தால் காய் மெதுவாகத்தான் மெத்தென்று ஆகும். அப்போது ஐந்து நிமிடம் ஏழாகலாம். குடிக்கிற தண்ணீரிலேயே வேக வைத்துவிடுவது சுலபம்.

செல்லூர் அம்மாச்சி:

எல்லோரும் பெரிய படிப்பாகச் சொல்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் இரண்டு லிட்டர் தண்ணீரில் காயின் சத்தை இறக்கி அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றுவதற்கு எனக்கு மனம் வராது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஹோட்டல் முறை எதற்கு? காயை அரிசி கனத்துக்குப் பொடியாக நறுக்கினால் தண்ணீரே வேண்டியதில்லை. தாளித்த எண்ணெயிலேயே போட்டு, கை நனைத்து மூன்று முறை தெளித்துத் தெளித்து, திறந்த சட்டியில் வதக்கினால் எட்டு நிமிடத்தில் வெந்துவிடும்.

நறுக்குவதுதான் வேலை. பத்துக் காய்களை நுனி சேர்த்துப் பிடித்து அருவாமனையில் ஒரே சீராக அரிய வேண்டும். மீனாட்சி திருக்கல்யாண விருந்துக்கு முந்தின நாள் சேதுபதி பள்ளியில் காய் நறுக்க நானும் பல வருடம் போயிருக்கிறேன். அத்தனை பெண்கள் உட்கார்ந்து அரிகிற இடத்தில், தடித்தடியாக அரிகிறவளைப் பக்கத்தில் இருக்கிறவளே சும்மா விடமாட்டாள். ஒரு பிடி பாசிப்பருப்பை மலர வேக வைத்துக் கடைசியில் சேர்த்துப் பாருங்கள், மெஸ்ஸில் கிடைக்காத வெஞ்சனம் அது.

பழைய சரக்கு மாஸ்டர்:

அம்மாச்சி சொல்வதை நான் மறுக்கவில்லை. வீட்டுப் பொரியலுக்கு அது உயர்ந்த முறைதான். ஆனால் கேள்வி கேட்டவருக்கு வேண்டியது மெஸ்ஸின் பதம். அதில் காய் வதங்கியிருக்காது, வெந்து நிமிர்ந்து நிற்கும். வடித்த தண்ணீரை நாங்களும் சாக்கடையில் ஊற்றியதில்லை. அப்படியே சாம்பாருக்குப் போகும். சாம்பாருக்கு உப்பை மட்டும் குறைத்துப் போட வேண்டும்.

அண்ணாநகர் அடுக்களை:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று முறை செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் முறை வடித்த காயைப் பரப்பாமல் சல்லடையிலேயே விட்டுவிட்டுக் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வரப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மேலே இருந்த காய் பச்சையாகவும் நடுவில் இருந்தது மங்கலாகவும் இருந்தது. மாஸ்டர் ஐயா சொன்னது அப்படியே நடந்திருந்தது. இரண்டாம் முறை எண்ணெய்க்குப் பயந்து ஒன்றரைக் கரண்டியோடு நிறுத்தியதில் உளுந்து ஒரு பக்கம் கருகி, மறு பக்கம் வெள்ளையாக நின்றது. நேற்று மூன்று கரண்டி முழுதாக ஊற்றினேன். உளுந்து எல்லாப் பக்கமும் ஒரே நிறத்தில் சிவந்தது. இலையில் வைத்தபோது காய் தனித்தனியாக உருண்டது. மாமியார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அஜினமோட்டோவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அம்மாச்சி சொன்ன பாசிப்பருப்புப் பொரியலை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். காலை ஏழரைக்குப் பள்ளி டப்பாவில் கட்டிக் கொடுத்தால், மதியத்துக்குள் தேங்காய் ஊசிப்போன வாடை வருகிறதாம். என்ன செய்யலாம்?

பழைய சரக்கு மாஸ்டர்:

டப்பாவுக்குத் தேங்காய் வேண்டாம், அம்மா. இரண்டு மேசைக்கரண்டிப் பொரிகடலையை ஒரு வற்றல் மிளகாயும் ஒரு பல் பூண்டும் சேர்த்து வறுத்து, ஆறிய பின் கொரகொரப்பாகப் பொடித்து, அடுப்பை அணைத்ததும் தூவுங்கள். மிச்ச ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். பொரியலின் சூடு முழுவதும் ஆறிய பிறகே டப்பாவை மூட வேண்டும்.