பொருள்: கான்கிரீட் தரைக்கு ‘ஆசிட் ஸ்டெயின்’: கறையா, சாயமா, வேறா?

அனைவருக்கும் வணக்கம்.

கான்கிரீட் தரைக்கு நிறம் தரும் ஆசிட் ஸ்டெயின் ஒன்றின் பயன்பாட்டுக் குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பாதியில் நிற்கிறது. ஸ்டெயின் என்பதற்கு என்ன போடுவது?

முதல் வரைவில் அகராதியை நம்பி ‘வேதிக்கறை’ என்று எழுதினேன். கறைமிடற்றன், கறைக்கண்டன் என்று சிவனுக்குப் பெயர் இருக்கிறதே, அங்கே கறை இழுக்கா என்ன, நஞ்சு பட்டு நிலைத்துவிட்ட நிறம்தானே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடியும் கொண்டேன். பிறகு தரை வேலை பார்க்கும் மேஸ்திரி ஒருவரிடம் வரைவைக் காட்டினேன். அதில் இருந்த வரி இது:

“கறையைத் தரையில் சீராகத் தெளித்து 4 மணி நேரம் விடவும். பின்னர் கறையின் எச்சத்தைத் தேய்த்து அகற்றவும்.”

இரண்டு முறை படித்தார். “நல்லா இருக்குற தரைல நாமளே கறை பண்ணி நாமளே தேய்ச்சு எடுக்கணுமா சார்? அதுக்குச் சும்மாவே இருக்கலாமே” என்றார். என் கறைமிடற்றன் அதோடு விடைபெற்றுக்கொண்டார்.

சிரிப்பை விடுங்கள், சிக்கல் நிஜமானது. கட்டடத் துறையில் கறைக்கு ஏற்கெனவே முழுநேர வேலை இருக்கிறது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துக் கசிந்தால் துருக்கறை, வண்டி நிறுத்தும் இடத்தில் எண்ணெய்க் கறை. என் குறிப்பின் முதல் பத்தியே ‘எண்ணெய்க் கறையை முற்றும் நீக்கியபின்’ என்றுதான் தொடங்குகிறது. கறையை நீக்கிக் கறையை இடு என்று எப்படி எழுத?

‘பூச்சு’ சரிவராது. பெயின்ட் மேலே படலமாக உட்காரும், இது அப்படி உட்காருவதில்லை. ‘அமிலச் சாயம்’ என்று வைத்துவிடலாமா? கருத்துச் சொல்லுங்கள்.

———

> ‘அமிலச் சாயம்’ என்று வைத்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. அந்த இருக்கையில் ஆள் இருக்கிறார். கம்பளி, பட்டு, நைலான் ஆகியவற்றுக்கு அமிலத் தொட்டியில் ஏற்றும் சாய வகைக்கு அதுதான் பெயர். சாயப் பட்டறையில் இருப்பவர் உங்கள் குறிப்பைப் பார்த்தால் தரைக்குக் கம்பளி விரிப்பதாக நினைத்துக்கொள்வார்.

அடுத்து யாராவது ‘வினைச்சாயம்’ என்று வருமுன் சொல்லிவிடுகிறேன், அதுவும் போய்விட்டது. பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பே கொள்ளும் சாயங்கள் 1956இல் விற்பனைக்கு வந்தன. அவற்றை வினைபுரி சாயம் என்றுதான் எழுதிவருகிறோம். நுண்ணுயிரியலிலும் ஸ்டெயின் உண்டு. பாக்டீரியாவுக்கு நிறமேற்றிப் பார்க்க டென்மார்க் மருத்துவர் கிராம் 1884இல் வெளியிட்ட முறையைச் சாயமேற்றம் என்கிறோம். அங்கே பொருத்தம்தான், ஊதா நிறம் புட்டியிலேயே இருக்கிறது.

சாயத்தை விட்டு வினைச்சொல்லைப் பாருங்கள். துரு ஏறுகிறது, களிம்பு ஏறுகிறது, பாசி ஏறுகிறது. யாரும் பூசாமல் ஒரு பொருளின் மேனியில் நிறம் வந்தால் ‘ஏறு’ என்றுதான் சொல்லிவந்திருக்கிறோம். அதனால் ‘ஏறுநிறம்’. ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை. ஏறிய நிறம், ஏறுகின்ற நிறம், ஏறும் நிறம் மூன்றுக்கும் பொருந்தும்.

கான்கிரீட்டைக் கற்காரை என்று எழுதுவீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும்.

———

நான் மொழி ஆள் இல்லை, தரை ஆள். இந்த வேலையைச் செய்பவன் என்பதால் எழுதுகிறேன். களத்தில் எல்லாரும் ‘ஆசிட் ஸ்டெயின்’ என்றே சொல்வோம், நாளையும் அதைத்தான் சொல்வோம். ஆனாலும் எழுத்துக்கு ஒரு சொல் வேண்டும் என்பது சரி.

‘ஏறுநிறம்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அது என்னிடம் இருக்கும் எல்லாப் புட்டிக்கும் பொருந்தும், அதுதான் குறை. தண்ணீரில் கரைத்த நிறமி வகை உண்டு, அசிட்டோனில் வரும் சாய வகை உண்டு. அவையும் துளைகளில் ஏறத்தான் செய்கின்றன. புட்டியில் என்ன நிறமோ ஏறத்தாழ அதுவே தரையில் வரும். ஆசிட் வகை அப்படி இல்லை.

எப்படி என்று சொல்கிறேன். அதில் இருப்பது தண்ணீர், ஹைட்ரோகுளோரிக் அமிலம், அப்புறம் இரும்பு, செம்பு, மாங்கனீசு இவற்றின் குளோரைடு உப்புகள். அமிலத்தின் வேலை மேல்தோலை அரித்து வழி திறந்துவிடுவது. நிறம் வருவது உப்பும் தரையில் இருக்கும் சுண்ணாம்பும் சேரும்போது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுகையில் கால்சியம் ஹைட்ராக்சைடு தானாக உண்டாகிறது. இறுகிய சிமெண்ட் பசையின் திண்மப் பகுதியில் 20 முதல் 25 விழுக்காடு அளவுக்கு அதுதான். உலோக உப்பு அதைத் தொட்டதும் கரையாத ஹைட்ராக்சைடாக, ஆக்சைடாக மாறித் துளைக்குள்ளேயே தங்கிவிடும். இரும்பு தேன் நிறம், காவி, பழுப்பு தரும். செம்பு நீலப்பச்சை.

மாங்கனீசைக் கேளுங்கள், அதுதான் வேடிக்கை. அதன் குளோரைடுக் கரைசல் வெளிர் ரோஜா நிறம். தரையின் காரத்தில் பட்டு, காற்றும் சேர்ந்ததும் கரும்பழுப்பாகிவிடும். ரோஜாவை ஊற்றிக் கருப்பை எடுக்கிறோம். இதை எப்படிச் சாயம் என்பது?

தெளித்ததும் மெல்ல நுரைத்துப் பொரியும், சீறும் சத்தமே கேட்கும். நுரைக்காத இடம் இருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், அங்கே நிறம் வராது. ஒருமுறை ஒரு கூடத்தில் நடுவே ஒரு ஆள் படுத்தால் எவ்வளவோ அவ்வளவு இடம் வெளுத்தே நின்றது. நீராற்றும்போது, அதாவது புதுத் தரையை ஈரம் காயாமல் இறுகவிடும்போது, அடித்த மெழுகுக் கலவை அங்கே மட்டும் போகாமல் இருந்திருக்கிறது. தண்ணீர் தெளித்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும், துளி உருண்டு நின்றால் தரை வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். அன்று அவசரத்தில் நான் பார்க்கவில்லை.

அப்புறம், ஒரே புட்டி, இரண்டு அறை, இரண்டு நிறம். சிமெண்ட் எவ்வளவு போட்டார்கள், எப்படித் தேய்த்தார்கள், எப்படி நீராற்றினார்கள், தரைக்கு என்ன வயது, எல்லாம் தெரிந்துவிடும். பல ஆண்டு வெயில் மழையில் கிடந்த தரையில் மேலே சுண்ணாம்பு குறைந்து நிறம் மங்கலாகத்தான் வரும். புதுத் தரைக்குப் பொதுவாக 28 நாள் காத்திருப்போம். செம்பின் நீலத்தை ஈரம் படும் வெளித் தரையில் போட்டால் நாளடைவில் கருத்துப்போகும். எந்தத் தரையிலும் திட்டுத்திட்டாகத்தான் வரும், ஒரே சீராக வேண்டும் என்பவர் பெயின்ட் அடித்துக்கொள்ளட்டும்.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு சொல் கொடுங்கள். உங்கள் பாடு.

———

இழையைத் தொடங்கியவன் மீண்டும் வருகிறேன். தரைக்காரர் சொன்ன ரோஜா நேற்று இரவு முழுக்க மண்டைக்குள் ஓடியது. நிறம் புட்டியில் இல்லை, தரையில்தான் உண்டாகிறது. அதைச் சொல்லாத எந்தச் சொல்லும் வாசகரை ஏமாற்றும். புட்டியின் நிறத்தைப் பார்த்து வாங்கிப்போய்ப் பிறகு சண்டைக்கு வருவார்.

வேதியியலில் வினையின் முடிவில் கிடைப்பதை விளைபொருள் என்கிறோம். அதே அச்சில் ‘விளைநிறம்’ என்று வார்த்தால் என்ன? நிலத்துக்கு நிலம் விளைச்சல் மாறுவதுபோல் தரைக்குத் தரை நிறம் மாறும் என்பதும் அந்த ‘விளை’க்குள் சொல்லாமலே வந்துவிடுகிறது. ‘ஏறுநிறம்’ வீணாகாது. புட்டி நிறமே துளைக்குள் போய்த் தங்கும் நீர் வகைக்கும் அசிட்டோன் வகைக்கும் அதை வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஸ்டெயின் என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் புட்டியையும், செய்யும் வேலையையும், வந்த நிறத்தையும் ஒரே சொல்லால் சமாளித்துவிடுகிறார்கள். என் முதல் வரைவு கெட்டதற்குப் பாதிக் காரணம் இதுதான், ‘கறையைத் தெளி, கறையை அகற்று’ என்று மூன்றையும் ஒன்றாகக் குழப்பினேன். நமக்கு விளைநிறம் வந்த நிறத்துக்கு மட்டும். புட்டியில் இருப்பது விளைநிறக் கரைசல். வேலை நிறம் விளைத்தல்.

———

> ‘விளைநிறம்’ என்று வார்த்தால் என்ன?

என் ‘ஏறுநிற’த்தை இரண்டாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள், பரவாயில்லை, தகுதியானவரிடம்தான் தோற்றிருக்கிறேன். ஒரே ஒரு அச்சம். ளகரம் தவறும் நாட்டில் இது ‘விலைநிறம்’ ஆகி, விலைப்பட்டியலில் ஒரு வரிசையாகப் போய்விடும். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்வதைத் தவிர வழியில்லை.

‘அமில’ என்ற அடை வேண்டுமா? அமிலம் கதவைத் திறக்கும் ஆள்தானே. தலைப்பில் வேண்டாம், எச்சரிக்கைப் பகுதியில் கட்டாயம் வேண்டும் என்பேன். நீர்க்கச் செய்வதானால் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. தெளிப்பானில் உலோகப் பாகம் இருக்கக் கூடாது, அரித்துவிடும்.

———

ஏற்றுக்கொண்டேன். திருத்திய வரிகள் இவை:

“விளைநிறக் கரைசலைப் பிளாஸ்டிக் தெளிப்பானால் தரையில் தெளிக்கவும். நுரை எழுவது வினை நடப்பதன் அறிகுறி. 4 மணி நேரம் விடவும். கரைசலின் நிறத்தை வைத்து விளைநிறத்தைக் கணிக்க வேண்டாம். முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்க்கவும். நிறம் விளைந்தபின் மேலே தங்கும் கசடைச் சமையல் சோடா கரைத்த நீரால் நடுநிலையாக்கி, கழுவும் நீர் தெளியும்வரை அலசவும். விளைநிறம் துளைக்குள் இருப்பதால் அலசும்போது போகாது.”

கடைசி வரி மூலத்தில் இல்லை. மேஸ்திரிக்காக நான் சேர்த்தது. காட்டினேன். விளைநிறத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நேராக “மூலைல எவ்வளவு இடம் சார், ஒரு அடியா, ரெண்டு அடியா?” என்று கேட்டார்.

அடுத்த பத்தியில் ‘சீலர்’ காத்திருக்கிறது. ‘காப்புப்பூச்சு’ என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். துளைக்குள் இறங்கும் வகையும் அதில் உண்டு என்பதால் பூச்சு மறுபடி உதைக்கிறது. தனி இழை தொடங்குகிறேன்.