கேம் மியூசிக்கை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும்போது லூப்பை என்ன பண்றது?

லூப்பிரியன்:
போன வாரம் ஒரு கேம் மியூசிக் கச்சேரிக்குப் போயிட்டு வந்தேன், இன்னும் மனசு ஆறல, அதான் இங்க கொட்டுறேன். சின்ன வயசுல தோத்துத் தோத்து ஆடின ஒரு லெவல், அதோட ட்யூன் எப்ப வரும் எப்ப வரும்னு சீட் நுனியில உக்காந்திருந்தேன். வந்துச்சு. நாலே நாலு பார், அதாவது நாலு தாளக்கட்டு. அப்புறம் ஓபோங்கிற குழல் வாத்தியத்துக்குத் தாவி, சோகமான மைனர் ஸ்கேலுக்கு மாறி, வேற ஏதோ தீமோட பின்னிப் பிணைஞ்சு, கால் மணி நேரம் கழிச்சு எங்கயோ போய் முடிஞ்சுது. என் கட்சி இதுதான், இருக்கிற நோட்டை அப்படியே வாசிங்க, லூப்பை, அதான் கேம்ல முடிஞ்ச இடத்துலேருந்து திரும்பத் திரும்ப ஓடுற அந்தத் துண்டை, நாலு சுத்து சுத்துங்க, முடிச்சுக்கங்க. அந்த இசைக்கு உயிரே லூப்லதான் இருக்கு, அதை வெட்டிட்டா மிச்சம் என்ன இருக்கு?

வயலா_கடைசிவரிசை:
நண்பா, உங்க ஏக்கம் புரியுது, ஆனா 'அப்படியே வாசிங்க'ன்னு எழுதிக் குடுத்த ஒரு அரேஞ்ச்மென்ட்டை நான் வாசிச்சிருக்கேன், எங்க அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவுல. ஃபேமிகாம்ங்கிற பழைய நின்டெண்டோ கேம் மெஷின்ல மொத்தமே 5 சேனல், அதாவது ஒரே நேரத்துல அஞ்சு குரல்தான்: ரெண்டு பல்ஸ், ஒரு ட்ரையாங்கிள், ஒரு நாய்ஸ், பதிவு பண்ணின சத்தத்துக்கு ஒரு சாம்பிள். அதை அப்படியே பிரிச்சு மெலடி ஃபர்ஸ்ட் வயலினுக்கு, பாஸ் செல்லோவுக்கு, நடுவுல நாங்க ஆஃப்பீட்ல ரெண்டே நோட்டு. எட்டு பார், அதையே பன்னெண்டு தடவை. பார்ட்ல பென்சிலால கோடு போட்டு எண்ணிட்டே வாசிச்சோம், ரிகர்சல்ல ஏழாவது சுத்தா எட்டாவதான்னு எனக்கும் பக்கத்து ஸ்டாண்டுக்கும் கணக்கு மாறிப்போய் மொத்த செக்‌ஷனும் கவுந்துருச்சு. கேம் ஆடும்போது லூப் அலுக்காது, கை வேலை செய்யுது, கண்ணு ஸ்க்ரீன்ல இருக்கு. ஹால்ல சும்மா உக்காந்திருக்கிறவங்களுக்கு மூணாவது சுத்துலயே காது மூடிக்கும்.

லூப்பிரியன்:
அது மோசமான அரேஞ்ச்மென்ட், அவ்ளோதான். டிராகன் குவெஸ்ட் கேமுக்கு இசையமைச்ச கோய்ச்சி சுகியாமா 1987லயே டோக்கியோவுல அந்த இசையை மேடையேத்திட்டாரு, கேம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அவரோட சிம்ஃபொனிக் சூட்ல அந்த ட்யூன் முகம் மாறாம அப்படியே நிக்கும், கோட்டை, ஊரு, வயல்வெளி, சண்டைன்னு கேம் ஆடினவன் கண்ணை மூடிட்டே இடத்தைச் சொல்லிடுவான். அது போதலையா?

சிப்_சத்தம்:
நடுவுல வர்றேன். சுகியாமா உதாரணம் உங்க ரெண்டு பேருக்குமே முழுசா உதவாது சகோ. அந்தக் கோட்டை இசை கேம் மெஷினோட சவுண்ட் சிப்ல இருக்கும்போதே ரெண்டு குரல் ஒண்ணையொண்ணு துரத்துற பரோக் பாணி எழுத்து, அதை ஸ்ட்ரிங்ஸ்ல வெச்சா பொருந்தாம எங்க போகும்? கஷ்டம் எங்க வருதுன்னா சிப்புக்குன்னே எழுதின இடங்கள்ல. ஒரே சேனல்ல கார்ட், அதாவது பல நோட்டை ஒண்ணா, வாசிக்க முடியாதுன்னு மூணு நோட்டை கண் இமைக்கிற நேரத்துக்குள்ள மாத்தி மாத்தி வாசிக்க விடுவாங்க, காதுக்கு அது கார்டும் இல்ல, தனி நோட்டும் இல்ல, ஒரு மினுமினுப்பு. எந்த மனுஷ விரலும் அந்த வேகத்துக்கு வராது. அதைக் கார்டா எழுதினா மினுக்கம் செத்துரும், ஹார்ப்புக்கு மெதுவா எழுதினா வேற பாட்டாயிரும். இப்ப சொல்லுங்க லூப்பிரியன், இதுல 'அப்படியே'ங்கிறது எது?

லூப்பிரியன்:
சரி, அந்த இடத்துல ஏதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுத்துதான் ஆகணும், ஒத்துக்கிறேன். ஆனா ட்யூனைத் துண்டு போடுறதுக்கு அது காரணமாகாதே.

சிப்_சத்தம்:
நல்லாத் தேர்ந்தெடுத்ததுக்கு ஒண்ணு சொல்றேன். பழைய கேம்கள்ல எக்கோ வேணும்னா ரெண்டாவது பல்ஸ் சேனல்ல அதே மெலடியைக் கொஞ்சம் தள்ளி, சத்தம் குறைச்சு வாசிப்பாங்க. ஒரு கச்சேரியில செகண்ட் வயலினை மேடைக்கு அந்தப் பக்கம் உக்கார வெச்சு, அந்த எக்கோவை அவங்ககிட்ட குடுத்திருந்தாங்க. இடது பக்கம் கேட்ட ட்யூன் அரை நொடியில வலது பக்கத்துலேருந்து மெல்ல திரும்பி வந்துச்சு, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. சிப் செஞ்ச தந்திரத்தை ஹாலே செஞ்சுது. ஒரு நோட்டு கூட மாறல, ஆனா எல்லாமே புதுசு.

கொம்பூதி:
நான் ஃப்ரெஞ்ச் ஹார்ன். நீங்க யாருமே மூச்சைப் பத்திப் பேசலையே, அதான் உள்ள வந்தேன். சிப்பு மூச்சு விடாது, சாம்பிளும் விடாது. கேம்ல ஒரு பித்தளை மெலடி உச்சத்துலயே ரெண்டு நிமிஷம் நிக்கும், அதை அப்படியே எங்களுக்கு எழுதிக் குடுத்தா மூணாவது சுத்துல உதடு மரத்துப்போய் நோட்டு கிழியும். ரெண்டு பேரா மாத்தி மாத்தி ஊதலாம், நடுவுல வுட்விண்டுக்குக் குடுத்துட்டுத் திரும்ப வாங்கலாம், இதெல்லாம் எழுதுறவங்க யோசிக்கணும். ட்யூன் ஓபோவுக்குத் தாவுதேன்னு கோபப்படுறீங்களே, சில நேரம் அது எங்க உதட்டைக் காப்பாத்துறதுக்காக ப்ரோ. இன்னொண்ணு, க்ளிக் ட்ராக். பின்னாடி ஸ்க்ரீன்ல கேம் வீடியோ ஓடணும்னு கண்டக்டர் காதுல டிக் டிக்னு ஓட விடுறாங்க. கொயர் மூச்சு வாங்குற இடத்துல அவரால அரை நொடி காத்திருக்க முடியாது. வீடியோவே வேணாம்னு நான் சொல்வேன்.

லூப்பிரியன்:
வீடியோ விஷயத்துல உங்க பக்கம்தான் நான், எனக்குக் காதுல கேட்டாலே லெவல் முழுசா கண்ணுக்குள்ள ஓடும்.

வயலா_கடைசிவரிசை:
வீடியோ இருந்தும் க்ளிக் இல்லாம பண்ணலாம் கொம்பூதி. 2012ல வந்த ஜர்னி கேமை மேடையிலயே ஒருத்தர் ஆட, இசைக்குழு அவர் போற வேகத்துக்குப் பின்தொடர்ந்து வாசிச்ச கச்சேரி எல்லாம் நடந்திருக்கு. அங்க லூப் கூட லைவ்தான், ஆடுறவர் நின்னா இவங்களும் அங்கேயே சுத்துவாங்க. லூப்பிரியன், உங்க லூப்புக்கு நியாயமான இடம் அதுதான்னு எனக்குத் தோணுது. ஆனா ஸ்க்ரீன் இல்லாத மேடையில இசை தன் சொந்தக் கால்ல நிக்கணும். ஃபைனல் ஃபேன்டஸி கேம்களோட இசைக்கான ஃபைனல் சிம்ஃபொனி கச்சேரி 2013ல ஜெர்மனியில வுப்பர்டால்லயும் லண்டன் பார்பிகன் ஹால்லயும் நடந்துச்சு, லண்டன்ல வாசிச்சது லண்டன் சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ரா. அதுல ஃபைனல் ஃபேன்டஸி 7 இசையை மூணு மூவ்மென்ட் சிம்ஃபொனியாவே எழுதியிருந்தாங்க, 10வது கேமோடது பியானோ கன்செர்ட்டோ, அதாவது பியானோ முன்னால நின்னு ஆர்கெஸ்ட்ராவோட வாசிக்கிற வடிவம். தீம் ஒளிஞ்சு ஒளிஞ்சு வரும், கடைசியில முழுசா நிமிரும்போது நெஞ்சை அடைக்கும். அந்தக் காத்திருப்பை உங்க நாலு சுத்து குடுக்குமா?

லூப்பிரியன்:
குடுக்காது. ஆனா ஒளியணும்னா முதல்ல முகத்தைக் காட்டியிருக்கணும் இல்லையா? எனக்குக் கிடைச்ச நாலு பார்ல முகமே தெரியல. என் பக்கத்துல இருந்தவரு அந்தக் கேம் ஆடாதவரு, முடிஞ்சதும் 'இதுல எது மெயின் ட்யூன்?'னு என்னைக் கேட்டாரு. தெரிஞ்சவனுக்கும் நிறைவில்ல, தெரியாதவருக்கும் பிடி கிடைக்கல.

சிப்_சத்தம்:
இது நியாயமான அடி.

கொம்பூதி:
முடிவு பத்தியும் யோசிங்க. லூப்புக்கு முடிவே கிடையாது, ஆல்பத்துல ஃபேட் அவுட் பண்ணி விட்டுருவாங்க. மேடையில அது எடுபடாது, பாதிப் பேர் கை தட்ட ஆரம்பிச்சிருப்பாங்க, மீதிப் பேர் இன்னும் ஓடுதுன்னு நினைப்பாங்க. கடைசி பார் முதல் பாருக்கு இழுத்துட்டுப் போற மாதிரிதானே எழுதியிருக்கும், அதனால ஒரு அரேஞ்சர் முதல் பாரோட முதல் கார்டை மட்டும் திரும்ப வாசிக்க வெச்சு அங்கேயே நிறுத்தினாரு. ஹால்ல ஒரு சத்தம் இல்ல. அடுத்த நோட்டை எல்லாரும் மனசுக்குள்ள வாசிச்சுட்டு இருந்தாங்க.

லூப்பிரியன்:
அதைக் கேக்கக் குடுத்து வைக்கலையே! சரி, என் கோரிக்கையைக் குறைச்சுக்கிறேன். முதல்ல ரெண்டு சுத்து முழுசா, கை வைக்காம. அப்புறம் மைனருக்குப் போங்க, ஓபோவுக்குப் போங்க, நான் கூடவே வர்றேன். இதுக்குக் கீழ இறங்க மாட்டேன்.

வயலா_கடைசிவரிசை:
ரெண்டு சுத்துக்கு நான் சம்மதம். ஆனா ரெண்டாவது சுத்துல மெலடி வயலாவுக்கு வேணும், அதுக்குக் கீழ நானும் இறங்க மாட்டேன்.